துணைத் துப்பாக்கியாக எது: 642 ரிவால்வரா, குளோக் 26-ஆ, எல்சிபி மேக்ஸா?

இடுப்பில் முதன்மைத் துப்பாக்கியாக ஒரு பிஸ்டலை அணிந்திருப்பவர், அது கைநழுவினாலோ பழுதாகி நின்றாலோ கையில் எடுப்பதற்கென மறைவாக வைத்துக்கொள்ளும் சிறிய இரண்டாவது துப்பாக்கியைப் பற்றியது இந்த ஒப்பீடு. அமெரிக்காவில் காவலர்களும், உரிமம் பெற்ற ஆயுதக் காவல் பணியாளர்களும், இரவில் கடையை மூடிவிட்டுப் பணத்துடன் வீடு திரும்பும் சிறுவணிகர்களும் இத்தகைய துப்பாக்கியை நாடுகிறார்கள். ஹூஸ்டன் பகுதியில் கடை நடத்தும் நான் மூன்று துப்பாக்கிகளை எடைபோட்டுப் பார்த்து, ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 642 என்ற ஐந்து தோட்டா ரிவால்வரை வாங்கினேன். எனவே என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மற்ற இரண்டும் குளோக் 26, ரூகர் எல்சிபி மேக்ஸ் ஆகியவை.

சட்டத்தைப் பற்றி முதலில் சுருக்கமாக. டெக்சாஸில் 2021 செப்டம்பர் 1 முதல், தடை ஏதும் இல்லாத, 21 வயது நிறைந்த ஒருவர் உரிமம் இல்லாமலேயே கைத்துப்பாக்கியை எடுத்துச் செல்லலாம். இருந்தாலும் மாநில உரிமத்தைப் பெற்றுக்கொள்வதே நல்லது என்று சொல்வேன். வேறு பல மாநிலங்களில் அது செல்லுபடியாகும் என்பதோடு, பள்ளிகளைச் சுற்றியுள்ள பகுதி பற்றிய கூட்டரசுச் சட்டத்திலும் உரிமம் வைத்திருப்பவருக்கு விலக்கு உண்டு. நம்மவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பதையே கூட்டரசுச் சட்டம், மிகச் சில விதிவிலக்குகள் தவிர, தடைசெய்கிறது. கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும் குடிமக்களுக்கும் இந்தத் தடை கிடையாது.

இனி அளவும் எடையும். 642-இன் எடை வெறுமையாக ஏறத்தாழ 410 கிராம், குழலின் நீளம் இரண்டு அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு, கொள்ளளவு .38 ஸ்பெஷல் தோட்டா ஐந்து. எல்சிபி மேக்ஸ் வெறும் 300 கிராம். தட்டையான அந்த உடலுக்குள் .380 தோட்டாக்கள் மேகசினில் (கைப்பிடிக்குள் செருகும் தோட்டாப் பெட்டியில்) பத்தும், அறையில் (குழலின் பின்முனையில், சுடத் தயாராக) ஒன்றும் அடங்கும். குளோக் 26-இல் 9 மி.மீ. தோட்டாக்கள் பத்தும் ஒன்றும். தோட்டாக்களை நிரப்பினால் எடை முக்கால் கிலோவை ஒட்டி வந்துவிடும். தோட்டா எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் ரிவால்வர் கடைசியில்தான் நிற்கும். சிக் சாவர் பி365, குளோக் 43 ஆகியவற்றையும் பலர் பரிந்துரைக்கிறார்கள். அவை நல்ல துப்பாக்கிகள்தான் என்றாலும், முதன்மைத் துப்பாக்கியின் இடத்துக்கே பொருந்துபவை என்பது என் கணிப்பு.

குளோக் 26-க்கு ஆதரவான வாதம் வலுவானது என்பதால் அதை நேர்மையாக எடுத்து வைக்க வேண்டும். முதன்மைத் துப்பாக்கி குளோக் 19 ஆகவோ 17 ஆகவோ இருந்தால், அவற்றின் மேகசின் அப்படியே 26-க்குள் பொருந்தும். இடுப்பில் கூடுதலாக வைத்திருக்கும் மேகசின் இரண்டுக்கும் பயன்படும். விசையின் அழுத்தம், குறிமுள், கையாளும் முறை எல்லாம் ஒன்றே. 9 மி.மீ. தோட்டா விலை மலிவு, ஆகவே பயிற்சியும் மலிவு. காவல் பணியில் இருந்து, கணுக்காலில் உறை அணியவோ குண்டு துளைக்காத மேலங்கியில் செருகிக்கொள்ளவோ முடிந்தவருக்கு நான் இதையே முதலில் சொல்வேன். ஆனால் சாதாரண உடையில் கடையில் பன்னிரண்டு மணி நேரம் நிற்பவரின் காற்சட்டைப் பையில் அந்தச் சதுரக் கட்டை உறுத்திக்கொண்டே இருக்கும். வெளியேயும் புடைத்துத் தெரியும். 642-இல் தோட்டாக்களைத் தாங்கிச் சுழலும் உருளையான சிலிண்டரும் ஏறத்தாழ அதே தடிமன்தான் என்றாலும், அதன் உடல் வளைந்து வளைந்து செல்வதால் பைக்குள் இருப்பது துப்பாக்கி என்று வடிவத்தை வைத்துச் சொல்லிவிட முடியாது.

இவை எல்லாவற்றையும் தாண்டி என் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. முதன்மைத் துப்பாக்கியைச் சுடுதளத்துக்கு எடுத்துச் செல்கிறோம், கழற்றித் துடைக்கிறோம், எண்ணெய் இடுகிறோம். துணைத் துப்பாக்கியோ பையிலேயே கிடக்கிறது. மிகக் குறைவாகச் சுடப்படுவதும் மிக மோசமான சூழலில் இருப்பதும் ஒரே கருவிதான். ஹூஸ்டனின் கோடையில் தொடையோடு ஒட்டிய பைக்குள் வெப்பமும் ஈரமும் நாள் முழுவதும் நிற்கின்றன. துணியிலிருந்து உதிரும் நூல்தூசி எண்ணெயில் படிந்து சாம்பல் நிறப் பசையாக மாறிவிடுகிறது. இந்த நிலையில் மாதக்கணக்காகக் கிடந்த பிறகும், எடுத்த கணத்தில் எது இயங்கும் என்பதே நான் கேட்க வேண்டிய கேள்வியாக இருந்தது.

சிறிய பிஸ்டல்களின் சிக்கல் அவற்றின் இயக்க முறையிலேயே இருக்கிறது. ஒவ்வொரு முறை சுடும்போதும் ஸ்லைடு (குழலை மூடியிருக்கும், முன்னும் பின்னும் நகரும் மேல்பகுதி) பின்னோக்கிப் பாய்ந்து, காலிக் கூட்டை வெளியே எறிந்து, திரும்பி வரும் வழியில் அடுத்த தோட்டாவை மேகசினிலிருந்து தள்ளிக்கொண்டு வர வேண்டும். ஸ்லைடு சிறியதாகவும் எடை குறைந்ததாகவும் ஆக ஆக, அதை அடக்க வலுவான ஸ்பிரிங் தேவைப்படுகிறது. குட்டைப் பிஸ்டல்களின் ஸ்பிரிங்குகளைப் பெரிய பிஸ்டல்களுடையதைக் காட்டிலும் முன்னதாகவே மாற்ற வேண்டியிருப்பது இதனால்தான். உலர்ந்த எண்ணெய், படிந்த தூசி, தளர்ந்த மணிக்கட்டுப் பிடி ஆகிய மூன்றில் ஒன்று கூடினாலே ஸ்லைடு முழுத் தொலைவு போய்த் திரும்பாமல் பாதியில் சிக்கக்கூடும். துணைத் துப்பாக்கியை எடுக்க நேர்பவர் காயம்பட்ட கையோடு, இடக்கையால், அரைகுறைப் பிடியில் எடுப்பதற்கே வாய்ப்பு அதிகம் என்பதையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அதிகம் பேசப்படாத இன்னொரு பராமரிப்புச் செலவும் பிஸ்டலுக்கு உண்டு. வீட்டில் குழந்தைகள் இருப்பதால் இரவில் தோட்டாவை நீக்கி வைத்துவிட்டுக் காலையில் மீண்டும் ஏற்றும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. 17 வயதுக்குட்பட்டவர் கைக்கு எட்டும்படி, சுடத் தயாரான துப்பாக்கியை வைப்பது டெக்சாஸில் தண்டனைக்குரியது என்பதால் அந்த அக்கறை நியாயமானதும்கூட. ஆனால் ஒரே தோட்டாவைத் திரும்பத் திரும்ப அறைக்குள் ஏற்றும்போது அதன் முனை, தோட்டாவை அறைக்குள் வழிநடத்தும் சரிவான ஏறுதளத்தில் மோதி, சிறிது சிறிதாகக் கூட்டுக்குள் அமுங்குகிறது. அப்படி அமுங்கிய தோட்டா சுடப்படும்போது உள்ளழுத்தம் அளவுக்கு மீறி உயரக்கூடும். புதிய தோட்டாவின் அருகில் நிறுத்தி நீளத்தை ஒப்பிட்டால் கண்ணுக்கே வித்தியாசம் தெரியும். தெரிந்தால் அதை ஒதுக்கிவிட வேண்டும். ரிவால்வரில் சிலிண்டரைத் திறந்து ஐந்தையும் உள்ளங்கையில் கொட்டி, காலையில் மீண்டும் போட்டுக்கொள்ளலாம். தோட்டாவுக்கு ஒன்றும் ஆவதில்லை.

கழற்றுவதில் குளோக் 26 மிக எளிது, அதை மறுப்பதற்கில்லை. எல்சிபி மேக்ஸில் ஒரு சிறிய ஊசியைத் திருப்புளி முனையால் நெம்பி முழுவதுமாக வெளியே எடுக்க வேண்டும். மேசையிலிருந்து உருண்டு அது தொலைந்தால் துப்பாக்கியைப் பூட்ட வழியில்லை. வாரம் ஒருமுறை தூசி தட்ட வேண்டிய கருவிக்கு இது ஒரு குறைதான்.

ரிவால்வருக்குப் பராமரிப்பே வேண்டாம் என்று கடைக்காரர்கள் சொல்வதை நம்ப வேண்டாம். வேண்டும், ஆனால் அது இரண்டு நிமிட வேலை, பக்கத் தட்டைத் திறக்காமலேயே முடிந்துவிடும். முதலில் சிலிண்டரைத் திறந்து தோட்டாக்களை எடுத்துவிட்டு, குழலை விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்ப்பேன். பையின் தூசி குழல் வாயில் சிறு பந்தாகச் சேர்ந்திருக்கும். அடுத்து, காலிக் கூடுகளை வெளியே தள்ளும் நட்சத்திரத் தகட்டை உயர்த்தி, அதன் அடிப்பக்கத்தைப் பழைய பல்துலக்கியால் தேய்ப்பேன். எரியாமல் மிஞ்சிய வெடிமருந்துத் துகள் ஒன்று அங்கே தங்கிவிட்டால் போதும், தகடு சரியாக அமராது, சிலிண்டர் இறுகிவிடும். தள்ளுதண்டு கழன்று வருகிறதா என்று விரலால் திருகிப் பார்ப்பதும் அவசியம். அது தளர்ந்து முன்னே வந்துவிட்டால் சிலிண்டரைத் திறக்கவே முடியாமல் போகலாம். பிறகு திருகுத் தலைகள்: வியர்வை முதலில் துருவாகத் தெரிவது அங்கேதான், செம்பழுப்பு நிறத்தில் ஒரு புள்ளியாக. எண்ணெய் தொட்ட துணியால் ஒரு முறை துடைத்தால் அது போய்விடும். எண்ணெயை அதற்குமேல் ஊற்றக் கூடாது. தோட்டாவின் அடியிலிருந்து வெடிமருந்தைப் பற்றவைக்கும் பிரைமருக்குள் எண்ணெய் கசிந்தால் தோட்டா வெடிக்காமல் போக வாய்ப்புண்டு.

சுத்தியல் உள்ளே மறைந்திருக்கும் 642-இன் வடிவம் இந்த வேலைக்கென்றே அமைந்தது போன்றது. பையிலிருந்து எடுக்கும்போது துணியில் சிக்க வெளியே எதுவும் நீட்டிக்கொண்டிருப்பதில்லை, சுத்தியலின் இடுக்கில் தூசி நுழைவதும் குறைவு. நெருக்கத்தில் பிஸ்டலின் குழல் வாய் எதிலாவது அழுந்தினால் ஸ்லைடு சற்றுப் பின்னே தள்ளப்பட்டுச் சுடாமல் நின்றுவிடக்கூடும். ரிவால்வரில் தள்ளப்படுவதற்கு ஸ்லைடே கிடையாது.

இதன் குறைகள் சிறியவை அல்ல. விசையை இழுக்க ஐந்து கிலோவுக்கு மேல் அழுத்தம் தேவை, குளோக்கில் தேவைப்படுவதைப் போல இரு மடங்கு. பைக்குள் இருக்கும்போது அந்தக் கனம் ஒரு பாதுகாப்பு. சுடும்போது அதுவே குறியைத் தவற வைக்கும். சட்டகத்தின் மேல் வெட்டப்பட்ட பள்ளமும் முன்னே ஒரு மேடும்தான் குறிபார்ப்பதற்கு இருக்கின்றன. பத்து அடிக்குள் நம்பிக்கையோடு சுடுபவர்கூடப் பதினைந்து கஜத்தில் திணறுவார். காலியான துப்பாக்கியில் போலித் தோட்டாக்களை இட்டு வீட்டில் விசைப் பயிற்சி செய்யாதவர் இதை வாங்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

தோட்டா எண்ணிக்கை குறித்த கவலைக்கும் வரலாற்றில் அடிப்படை உண்டு. 1986 ஏப்ரல் 11 அன்று மயாமியில் இரண்டு கொள்ளையர்களுடன் எஃப்.பி.ஐ. முகவர்கள் நடத்திய சண்டையில், வாகனங்கள் மோதியபோது ஒரு முகவரின் முதன்மைத் துப்பாக்கி தொலைந்துபோக, அவர் தம்மிடமிருந்த ஐந்து தோட்டா .38 துணை ரிவால்வரைக் கொண்டு போராடினார். இரண்டாவது துப்பாக்கி எதற்கு என்று கேட்பவர்களுக்கு அதுவே போதுமான விடை. ஆனால் அதே முகவர் ஐந்தையும் சுட்டு முடித்து, மீண்டும் தோட்டா நிரப்பிக்கொண்டிருந்தபோதுதான் கையில் சுடப்பட்டார். என்னைப் போன்ற ரிவால்வர் ஆதரவாளர்கள் முதல் பாதியைச் சொல்லிவிட்டு இரண்டாம் பாதியை விட்டுவிடுவது சரியல்ல. அந்த ஆபத்தை அறிந்தே நான் ஐந்தை ஏற்றுக்கொண்டேன். எத்தனை எதிரிகள் வருவார்கள் என்று கணிக்க முடியாத காவல் பணியில் இருந்திருந்தால் ஏற்றிருக்க மாட்டேன்.

அந்தச் சண்டைக்குப் பிறகு எஃப்.பி.ஐ. தோட்டாக்களைச் சோதிக்கும் முறையையே மாற்றி, உடல் தசைக்குப் பதிலாகச் சோதனைக்குப் பயன்படும் ஜெலட்டின் கட்டியில் 12 முதல் 18 அங்குலம் வரை ஊடுருவ வேண்டும் என்ற அளவுகோலைக் கொண்டுவந்தது. குட்டைக் குழலிலிருந்து வரும் .380 தோட்டாவுக்கு இது எளிதல்ல. பட்டதும் விரியும்படி செய்யப்பட்ட அதன் முனை விரிந்தால் ஆழம் போதாமல் போகிறது, ஆழமாகப் போனால் முனை விரிவதில்லை. இரண்டு அங்குலக் குழலில் .38-க்கும் இதே சங்கடம் உண்டு என்றாலும், அதற்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, ஸ்பியர் கோல்ட் டாட்டின் 135 கிரெய்ன் (தோட்டா முனையின் எடையைக் குறிக்கும் அலகு) போலக் குட்டைக் குழலுக்கென்றே செய்யப்பட்ட தோட்டா. மற்றது, விரிவதையே எதிர்பாராமல், பின்னுதைப்பு மென்மையாக இருக்கும் 148 கிரெய்ன் தட்டைமுனைத் தோட்டா. நான் பயன்படுத்துவது இரண்டாவதை. எடை குறைந்த ரிவால்வரில் வீரியமான தோட்டாவைச் சுடும்போது, சிலிண்டரில் காத்திருக்கும் தோட்டாவின் முனை உதைப்பில் முன்னே நழுவிச் சுழற்சியைத் தடுக்கக்கூடும். எதைத் தேர்ந்தாலும் நான்கைச் சுட்டுவிட்டு, ஐந்தாவதன் நீளத்தைச் சரிபார்த்த பிறகே அதை நம்ப வேண்டும்.

எல்சிபி மேக்ஸைப் பற்றி நான் சொல்வதைச் சற்றுக் குறைத்தே எடுத்துக்கொள்ளுங்கள். அதைச் சுடுதளத்தில் சுட்டிருக்கிறேனே தவிர, பையில் வைத்து ஒரு கோடையைக் கழித்ததில்லை. மெல்லிய உடையில், பணியிடக் கட்டுப்பாடுகளுக்கு நடுவே, 642-ஐக்கூட மறைக்க முடியாதவருக்கு அதன் தட்டை வடிவம் பெரும் வசதி. பதினொரு தோட்டாக்கள் குறைவானவையும் அல்ல. அதை வைத்திருப்பவர் வாராந்தரத் துடைப்பைத் தவறவிடாமல், குறிப்பிட்ட இடைவெளியில் ஸ்பிரிங்கையும் மாற்றிவந்தால் என் குற்றச்சாட்டுகளில் பாதி விழுந்துவிடும்.

642-ஐ வாங்க முடிவு செய்பவர்களுக்கு நடைமுறையில் சில சொற்கள். உட்பூட்டு உள்ளதும் இல்லாததும் என இரு வகை கிடைக்கின்றன. நான் பூட்டு இல்லாததை எடுத்தேன், வீட்டில் அதை விரைவில் திறக்கும் இரும்புப் பெட்டியில் வைக்கிறேன். பழையதை வாங்கினால், அது காலிதான் என்பதை உறுதிசெய்துகொண்டு, கடைக்காரரின் அனுமதியுடன் பாதுகாப்பான திசையை நோக்கி விசையை மெதுவாக இழுத்து, சுத்தியல் விழும் கணத்தில் சிலிண்டர் ஐந்து இடங்களிலும் ஆடாமல் பூட்டி நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். பை உறை விசையை முழுமையாக மூட வேண்டும், துப்பாக்கியை உருவும்போது உறை பையிலேயே தங்க வேண்டும். அந்தப் பையில் சாவியோ சில்லறையோ வேறு எதுவுமோ இருக்கவே கூடாது.