பல்கலைக்கழக மகளிர் மையத்தில் தன்னார்வலர் வேலை: சேரலாமா?

டெல்டாவில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தின் மகளிர் மையம் ஆண்டுதொடக்கத்தில் மாணவிகளைத் தன்னார்வலர்களாகச் சேர்த்துக்கொள்கிறது. வாரத்தில் இரண்டு நாள், மாலை மூன்றரை முதல் ஐந்தரை வரை வேலை. பணம் கிடையாது, சான்றிதழ் உண்டு. சான்றிதழுக்காக மட்டும் என்றால் வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம். உதவி மேசையில் உட்கார மனமிருந்தால் தாராளமாகச் சேருங்கள். இந்த மையத்தில் உருப்படியான வேலை நடப்பது அந்த மேசையில்தான்.

ஒரத்தநாடு, பாபநாசம், வலங்கைமான் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வரும் முதல் தலைமுறை மாணவிகள்தான் இங்கே அதிகம் வருகிறார்கள். “உதவித்தொகை ஏறல அக்கா” என்பதே பெரும்பாலும் முதல் பேச்சு. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. அது மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் உள்ள திட்டம். மூவலூர் நம் மயிலாடுதுறை பக்கத்து ஊர். இதுவோ வேறு உதவித்தொகையோ, வரவில்லை என்றால் முதலில் ஆதார், பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல், பாஸ்புக் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெயரைப் பாருங்கள். இனிஷியல் ஒன்றில் முன்னாலும் இன்னொன்றில் பின்னாலும் இருக்கும். அடுத்து, ஆதார் எந்த வங்கியோடு இணைந்திருக்கிறது என்பதை மை ஆதார் தளத்தில் பாருங்கள். பள்ளியில் ஒரு கணக்கு, கல்லூரியில் சேர்ந்ததும் ஒரு கணக்கு என்று இரண்டு வைத்திருப்பாள். ஆதார் வழியாக வரும் பணம் கடைசியாக இணைத்த கணக்கில் போய்க் கிடக்கும். இவள் பழைய பாஸ்புக்கைப் பதிந்து பார்த்துவிட்டு வரவில்லை என்பாள். இந்த வேலையைத் தன்னார்வலர்கள் நன்றாகச் செய்கிறார்கள். குறையே சொல்ல முடியாது.

உதவித்தொகை கேட்டு வந்தவள் எழுந்து போகாமல் தயங்கி நின்றால், அவள் வந்த காரணம் வேறு என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கேதான் தன்னார்வலருக்குப் பயிற்சி வேண்டும். ஒரு நாள் பயிற்சி போதவே போதாது.

முதல் தவறு, “யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்” என்று வாக்குக் கொடுப்பது. முதலாம் ஆண்டில் சேருகிற பல பெண்களுக்கு 17 வயதுதான். 18 முடியாதவளுக்குப் பாலியல் குற்றம் நடந்திருப்பது தெரியவந்தால் காவல்துறைக்குச் சொல்லியே ஆகவேண்டும் என்கிறது 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டம். சொல்லாமல் விடுவதும் குற்றம். அதனால் அவள் வாயைத் திறக்கும் முன்பே, “நீ சொல்றத வெளியில பேச மாட்டோம்மா. ஆனா உனக்கு 18 ஆகலன்னா சில விஷயத்த நாங்க சொல்லியே ஆகணும்” என்று சொல்லிவிட வேண்டும். கேட்கக் கடினமாக இருக்கும். பாதியில் சொன்னால் அது துரோகமாகப் படும்.

இரண்டாவது தவறு இதைவிட அதிகம் நடக்கிறது. மையத்தில் சொன்னதும் புகார் கொடுத்தாயிற்று என்று மாணவி நினைத்துவிடுகிறாள்; தன்னார்வலரும் திருத்துவதில்லை. மகளிர் மையம் வேறு, பாலியல் துன்புறுத்தல் புகாரை விசாரிக்கும் உள்ளகப் புகார்க் குழு வேறு. 2013-ஆம் ஆண்டுப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் குழுவிடம் எழுத்தில் புகார் போகவேண்டும். தக்க காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். மேசையில் நான்கு முறை வந்து அழுதுவிட்டுப் போனது அந்தக் கணக்கில் சேராது. புகாரை ஆறு பிரதி எடுத்து, ஆதாரங்கள், சாட்சிகளின் பெயர், முகவரியோடு தரவேண்டும். தமிழில் எழுதலாம். எழுத முடியாத நிலையில் இருந்தால், எழுத உதவுவது குழுவின் கடமை. விசாரணை 90 நாளில் முடியவேண்டும். புகார் கொடுப்பதா வேண்டாமா என்பது அவள் முடிவு. கெடு எந்தத் தேதியில் முடிகிறது என்று காகிதத்தில் எழுதிக் கையில் கொடுப்பது உங்கள் வேலை.

“ஏன் அப்பவே சொல்லல?” என்று கேட்காதீர்கள். “இப்ப உனக்கு என்ன செஞ்சா உதவியா இருக்கும்?” போதும்.

போன் விஷயத்தில் இந்த ஊர்ப் பக்கத்து வீடுகளைத் தெரிந்தவர்களே தடுமாறுகிறார்கள். அவள் தந்த நம்பர் அப்பாவுடையதாகவோ அண்ணனுடையதாகவோ இருக்கும். திரும்பக் கூப்பிடும் முன் மூன்று கேள்வி: எந்த நம்பர், எத்தனை மணிக்கு, வேறு யாராவது எடுத்தால் என்ன சொல்வது. “லைப்ரரி புத்தகம் திருப்பணும்” என்பது மாதிரி ஒன்றை அவளையே சொல்லச் சொல்லி எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

மிரட்டல் மெசேஜ் என்றால் அந்த உரையாடலை அழிக்கக் கூடாது, உடனே பிளாக் செய்யவும் கூடாது. ஸ்க்ரீன்ஷாட்டில் சேமித்த பெயர் மட்டும் இருந்தால் பயனில்லை. நம்பரும் தேதியும் தெரியவேண்டும். இன்ஸ்டாகிராம் என்றால் காட்சிப் பெயரோடு நிற்காமல் யூசர்நேமையும் சுட்டியையும் குறித்துக்கொள்ளவேண்டும். படங்களை உங்கள் போனுக்கு அனுப்பச் சொல்லவே கூடாது. மேசைக் கண்ணாடிக்கு அடியில் மகளிர் உதவிக்கு 181, இணையக் குற்றத்துக்கு 1930, அவசரத்துக்கு 112, சட்ட உதவிக்கு 15100 என்று பெரிய எழுத்தில் வைத்திருக்கிறார்கள், நல்ல ஏற்பாடு.

இனி குறைகள். மேசை மேல் விரித்துக் கிடக்கும் வருகைப் பதிவேடு பெரிய குறை. பெயர், துறை, வந்த காரணம் என்று பத்தி பிரித்திருக்கிறார்கள். அடுத்து கையெழுத்துப் போடுகிறவள் மேலே உள்ள பத்துப் பேருடைய கதையையும் படித்துவிடுவாள். ஒரே விடுதி, ஒரே பஸ். வரிசை எண் மட்டும் பதிவேட்டில், விவரம் தனித்தாளில், பூட்டிய அலமாரியில் என்று மாற்ற ஒரு நாள்கூட ஆகாது. மாற்றவேண்டும்.

அறை நிர்வாகக் கட்டடத்தின் தரைத்தளத்தில், கட்டணக் கவுன்டருக்கு எதிரில் இருக்கிறது. யார் உள்ளே போகிறார்கள் என்று வரிசையில் நிற்கும் எல்லோருக்கும் தெரியும். நாப்கின் இயந்திரம் உள்ளே இருப்பதால் கொஞ்சம் பரவாயில்லை, எதற்கு வந்தாள் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அந்த இயந்திரத்தைக் கவனிப்பதும் தன்னார்வலர் பொறுப்பு. அது பழைய கனமான ஐந்து ரூபாய் நாணயத்துக்கு அமைத்தது. புதிய மஞ்சள் நாணயத்தைத் துப்பிவிடும் அல்லது விழுங்கிக்கொள்ளும். ஐப்பசி கார்த்திகை மழையில் பாக்கெட் ஈரம் இழுத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், அதனால் முழுக்க நிரப்பாமல் பாதி மட்டும் அடுக்குங்கள். பயன்படுத்திய நாப்கினை எரிப்பானில் பிளாஸ்டிக் உறையோடு போட்டால் புகை அறை முழுக்கச் சூழும்.

மார்ச்சில் மகளிர் தின விழாவுக்காக மேசையை மூடிவிட்டுத் தன்னார்வலர்களைக் கோலப்போட்டிக்கும் நாற்காலி போடவும் அனுப்புகிறார்கள். இதை ஏற்கவே முடியாது. விழாவுக்கு என்.எஸ்.எஸ். பிள்ளைகள் இருக்கிறார்கள்.

சேருகிறவர்கள் முதல் நாளே மூன்றைக் கேட்டுவிடுங்கள்: உங்களுக்கு மேலே பொறுப்பான பேராசிரியை யார், அவர் இல்லாத மாலையில் யாரைக் கூப்பிடுவது, இந்த நேரம் என்.எஸ்.எஸ்.ஸின் ஆண்டுக்கு 120 மணிக் கணக்கில் சேருமா. ஊரிலிருந்து வந்து போகிறவர்கள் நேரத்தை ஐந்தோடு முடித்துத் தரச் சொல்லலாம். மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணம் சாதாரண டவுன் பஸ்ஸில்தான். அதைத் தவறவிட்டால் புறநகர் பஸ்ஸுக்குக் காசு கொடுக்கவேண்டும். கேட்டால் மாற்றித் தருகிறார்கள்.