11-34 கேசட்: ஏற்காடு, குப்பனூர், கொல்லிமலை ஏறிப் பார்த்த பிறகு

சேலத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் ஏற்காடு இருக்கிற சேர்வராயன் மலை முழுசாகத் தெரியும். அதைப் பார்த்துக்கொண்டே ஐந்து வருஷமாகச் சமதளத்தில்தான் சைக்கிள் ஓட்டினேன். மேட்டூர் அணை வரைக்கும் ஒரு ஞாயிறு, சங்ககிரி வரைக்கும் ஒரு ஞாயிறு. ஏற்காடு ரோட்டில் இரண்டு தடவை முயற்சி செய்து, இரண்டு தடவையும் ஏழாவது கொண்டை ஊசி வளைவு தாண்டுவதற்குள் முழங்கால் வலி எடுத்துத் திரும்பினேன். உடம்பில் தெம்பு இல்லை என்று முடிவு கட்டியிருந்தேன். குறை தெம்பில் இல்லை, பின்சக்கரத்துப் பல்லில்.

என்னுடையது முன்னால் 50 பல், 34 பல் என்று இரண்டு சக்கரமும் பின்னால் எட்டு கியரும் உள்ள சாதாரண ரோடு சைக்கிள். வாங்கும்போது பின்னால் இருந்தது 11-28 கேசட். கேசட் என்றால் பின்சக்கரத்தில் அடுக்கியிருக்கும் பல்சக்கரத் தொகுப்பு; மிகச் சின்னதில் 11 பல், மிகப் பெரியதில் 28 பல். அதைக் கழற்றிவிட்டு 11-34 மாட்டினேன். கேசட், புதுச் செயின், கூலி எல்லாம் சேர்த்து 2,650 ரூபாய். பெரிய பல்சக்கரத்துக்குப் பழைய செயின் நீளம் பற்றாது, அதனால் செயினையும் சேர்த்தே மாற்ற வேண்டும். செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுகிற டீரெய்லரின் கூண்டு உங்கள் சைக்கிளில் நீளமானதா என்று மெக்கானிக்கிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். குட்டைக் கூண்டாக இருந்தால் 34 பல் ஏறாது. டீரெய்லரும் மாற்ற வேண்டி வந்தால் செலவு கூடிவிடும்.

மாற்றியதில் என்ன கிடைத்தது என்று கணக்காகவே சொல்கிறேன். முன்பு மிக லேசான கியரில் பெடலை ஒரு சுற்று சுற்றினால் சைக்கிள் சுமார் 2.6 மீட்டர் போகும். இப்போது 2.14 மீட்டர். நிமிஷத்துக்கு 60 சுற்று மிதித்தால் முன்பு மணிக்கு 9.3 கிலோமீட்டர், இப்போது 7.7. சமதளத்தில் இந்த வித்தியாசம் ஒன்றுமே இல்லை. ஏற்றத்தில், 9 கிலோமீட்டர் வேகத்தைக் காலால் பிடித்து வைக்க முடியாமல் நின்றுபோகிற இடத்தில் 7.7-ல் மூச்சு வாங்காமல் போய்க்கொண்டே இருக்கலாம்.

மாட்டிக் கொடுத்த கடையில் ஒரு வேலையை விட்டுவிட்டார்கள். ஏற்காடு அடிவாரம் செக்போஸ்ட் தாண்டி கடைசிக் கியர் போட்டதும் கரகரவென்று சத்தம். எனக்குத் தொழில் வெள்ளிக் கொலுசு. ஒரு வளையம் இன்னொன்றில் உரசினாலே காது பிடித்துவிடும். இறங்கிக் குனிந்து பார்த்தால், டீரெய்லரின் மேல் உருளை 34 பல் சக்கரத்தை முட்டிக்கொண்டு சுற்றியது. டீரெய்லருக்குப் பின்னால் ஒரு சின்ன திருகு இருக்கும். ஸ்டார் ஸ்குரூடிரைவரால் வலப்பக்கமாக இரண்டரைச் சுற்று திருகினேன். உருளைக்கும் பல்லுக்கும் நடுவே விரல் அகலத்தில் பாதி இடைவெளி வந்தது, சத்தம் அடங்கியது. அந்த ஸ்குரூடிரைவர் இல்லாமல் வந்திருந்தால் அன்றைக்கும் பாதியில்தான் திரும்பியிருப்பேன். கேசட் மாற்றினால் கடையை விட்டு வெளியே வரும் முன்பே கடைசிக் கியரில் போட்டு ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்கள்.

ஏற்காடு பெரிய ரோட்டில் 20 வளைவு. 20 கிலோமீட்டருக்குள் ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். காலை ஐந்தரைக்குக் கோரிமேட்டிலிருந்து கிளம்பினேன். அறுபதடிப் பாலம் வரும்போது வெளிச்சம் நன்றாக வந்துவிட்டது, கீழே சேலம் பனிமூட்டத்துக்குள் இருந்தது. இடையில் இரண்டு முறை தண்ணீருக்கு மட்டும் நின்று, ஏரிக்கரை வரை மிதித்தே போய்ச் சேர்ந்தேன். ஆனால் எட்டு மணிக்கு மேல் அந்த ரோட்டில் கார்களும் வேன்களும் வரிசை கட்டுகின்றன. ஞாயிற்றுக்கிழமை சைக்கிளுக்கு அது ஏற்ற ரோடு இல்லை.

எனக்குப் பிடித்துப்போனது குப்பனூர் பாதை. அயோத்தியாப்பட்டினம் வழியாகப் போய் குப்பனூரில் மலை ஏறினால் கொட்டச்சேடு வழியாக ஏற்காடு வரும். ரோடு ஒடுக்கம், சில இடங்களில் பெரிய ரோட்டைவிடச் செங்குத்து. பழைய கேசட்டில் இந்தப் பக்கம் தலை வைத்தே படுத்திருக்க மாட்டேன். நான் போனது கோடை மழை பெய்து ஒரு வாரம் கழித்து. கொட்டச்சேட்டுப் பக்கம் காபித் தோட்டங்கள் பூத்திருந்தன. காபிப் பூ மல்லிகை போல வெள்ளையாக, கிளையோடு கிளையாக ஒட்டிக்கொண்டு பூக்கும். வாசனையும் கிட்டத்தட்ட மல்லிகைதான். கார் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போகிறவர்களுக்கு அது தெரியவே தெரியாது. மணிக்கு ஏழு கிலோமீட்டரில் போகிறவனுக்கு ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகிறது. சில்வர் ஓக் மரத்தில் ஏறின மிளகுக்கொடியை நின்று தொட்டுப் பார்த்தேன்.

வழியில் ஒரு டீக்கடை. அக்கா சைக்கிளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏங்க, கீழ இருந்து மிதிச்சேவா வந்தீங்க?"

"ஆமாங்கக்கா, தள்ளவே இல்ல."

"அப்ப உக்காருங்க, சுக்கு போட்டுத் தரேன்" என்றார். இரண்டு கிளாஸ் குடித்தேன். கணக்குக் கேட்டபோது ஒன்றுக்குத்தான் காசு வாங்கினார்.

கொல்லிமலை வேறு ரகம். அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மேலே சோளக்காட்டுக்கு 70 கொண்டை ஊசி வளைவு. அங்கே இந்தக் கேசட்டின் உண்மையான குறை வெளிப்பட்டது. எட்டுப் பல்சக்கரத்தின் வரிசை 11, 13, 15, 17, 20, 23, 26, அதற்கப்புறம் நேரே 34. 26-க்கும் 34-க்கும் நடுவில் ஒன்றுமில்லை. வளைவுகளுக்கு இடைப்பட்ட மிதமான ஏற்றத்தில் 26 கனமாக இருக்கும், 34-க்குப் போனால் கால் திடீரென்று வெறுமனே சுற்றும். 70 வளைவிலும் இந்த மாற்றி மாற்றிப் போடுகிற வேலை ஓயவில்லை. ஒன்பது, பத்து கியர் உள்ள சைக்கிளில் இந்த இடைவெளி குறையும். எட்டு கியர்காரர்கள் இதைப் பழகித்தான் ஆக வேண்டும்.

பழகின விதத்தையும் சொல்கிறேன். வளைவின் உள்பக்கம் செங்குத்து, வெளிப்பக்கம் சாய்வு குறைவு. பஸ் வளைவு முழுவதையும் எடுத்துக்கொண்டுதான் திரும்பும். அதனால் ஹாரன் சத்தம் கேட்டால் வளைவுக்கு முன்னாலேயே ஓரமாக நின்றுவிடுங்கள். சத்தமே இல்லை என்றால் நம் பக்கத்து எல்லைக்குள் உள் மூலையை ஒட்டாமல் கொஞ்சம் அகலமாகத் திரும்புங்கள். 34-ஐ வளைவுக்குப் பத்தடி முன்னாலேயே போட்டுவிட வேண்டும். அழுத்தி மிதித்துக்கொண்டே மாற்றினால் செயின் திணறும், பல்லும் தேயும்.

சோளக்காட்டுச் சந்தையில் ஒரு சீப்பு மலைவாழை வாங்கி அங்கேயே நான்கு பழம் சாப்பிட்டேன். மீதியைப் பையில் கட்டிக்கொண்டு வந்து வீட்டில் கொடுத்தேன், மகள் பாதி சீப்பை அன்றே முடித்துவிட்டாள்.

இறக்கம் பற்றி ஒரு வார்த்தை. ஏற முடிகிறது என்று ஆனபின் இறங்குகிற மலையும் கூடுகிறது. என் சைக்கிளில் இருப்பது ரிம் பிரேக், அதாவது சக்கரத்தின் விளிம்பையே கட்டைகள் பிடித்து நிறுத்துவது. விடாமல் பிடித்தபடி வந்தால் ரிம் கை வைக்க முடியாத அளவு சுடும். ஐந்து வளைவுக்கு ஒரு தடவை நின்று ஆறவிட்டுத்தான் இறங்கினேன். மூன்று இறக்கங்களில் பிரேக் கட்டைகள் பாதி தேய்ந்துவிட்டன, ஒரு ஜோடி கட்டைக்கான காசையும் இந்த 2,650-ஓடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஐந்துக்கு நாலரை கொடுப்பேன், குறைத்த அந்த அரை 26-க்கும் 34-க்கும் நடுவில் இருக்கிற பள்ளத்துக்காக. மேட்டூர், சங்ககிரி என்று சமதளத்திலேயே ஓட்டுகிறவர்களுக்கு இது தேவையில்லை. பழைய 11-28-ஐத் துடைத்து எண்ணெய் தடவி வைத்திருக்கிறேன். அடுத்த ஞாயிறு மறுபடியும் குப்பனூர்தான். இந்தத் தடவை கொட்டச்சேட்டோடு நிற்காமல், மேலே ஒண்டிக்கடையிலிருந்து சேர்வராயன் கோயில் வரைக்கும் போக வேண்டும்.