டிராக்டர் சருகு வேக்யூம்: இழுப்பதெல்லாம் சரி, கொட்டுவது எப்படி?

பிடிஓவில், அதாவது டிராக்டர் எஞ்சினின் சக்தியை வெளியே எடுக்கும் சுழல்தண்டில், ஓடும் சருகு வேக்யூம் வாங்கலாமா என்று யோசிக்கிற எல்லாரும் முதலில் கேட்பது, நன்றாக இழுக்குமா என்பதைத்தான். இழுக்கும். காய்ந்த சருகு, சமமான புல்தரை, புல் வெட்டும் பிளேடுகள் சுழலும் டெக் சரியான உயரத்தில் இருக்கிறது என்றால், டிராக்டர் போன தடத்தில் பொறுக்குவதற்கு ஒன்றும் மிஞ்சாது. விற்கிறவர்கள் வீடியோவில் காட்டுவதும் அதை மட்டும்தான், முன்னால் பழுப்பு, பின்னால் பச்சை, பார்க்கவே ஆசையாக இருக்கும். பெட்டி நிறைந்த பிறகு என்ன நடக்கிறது என்பதை ஒருவரும் காட்டுவதில்லை. முழு சீசனும் ஓட்டிய பிறகு சொல்கிறேன், இலையுதிர் காலத்தில் ஒரு பெரிய தோட்டத்தைச் சுத்தம் செய்யும்போது நம் நாளைத் தின்பது கொட்டுகிற வேலைதான். வாங்கும்போது கேள்விகளை அந்தப் பக்கத்திலிருந்து தொடங்குங்கள்.

இதே பெயரில் பல விதமான இயந்திரங்கள் விற்கின்றன, அதனால் என்னிடம் இருப்பது எது என்று சொல்லிவிடுகிறேன். காம்பாக்ட் டிராக்டரின் வயிற்றுக்கடியில் புல் வெட்டும் டெக். அதன் வாயிலிருந்து ஒரு பருத்த ஹோஸ் பின்னால் போகிறது. டிராக்டரின் பின்னால் கருவிகளைத் தூக்கிப் பிடிக்கும் த்ரீ பாயிண்ட் லிங்கேஜில் விசிறி மாட்டியிருக்கிறது, அதற்குப் பின்னால் சொந்தச் சக்கரத்தில் உருளும் பெட்டி. டெக்கை நடு பிடிஓவும் விசிறியைப் பின் பிடிஓவும் ஓட்டுகின்றன. பின் பிடிஓவின் வேகம் 540 ஆர்பிஎம், அதாவது நொடிக்கு 9 சுற்று. சருகை இழுக்கும் விசிறிக்கு அது போதாது என்பதால் பெல்ட்டும் புல்லியும் வைத்தோ, கியர்பாக்ஸ் வைத்தோ அதைச் சில மடங்கு கூட்டிவிடுகிறார்கள். விசிறியின் தடித்த இரும்புத் தகடுகள் வருகிற சருகை அடித்து நொறுக்கிப் பெட்டிக்குள் வீசுகின்றன, காற்று மட்டும் மேலே உள்ள வலை வழியாக வெளியே போய்விடுகிறது.

இதில் பாதி வேலையை டெக்தான் செய்கிறது, அதை யாரும் சொல்வதில்லை. தரையோடு ஒட்டிக் கிடக்கும் சருகை மேலே கிளப்புவது பிளேடு. கிளம்பியதை எடுத்துக்கொண்டு போவதுதான் விசிறியின் வேலை. ஆகவே பின்விளிம்பு நன்றாக மேலே வளைந்த ஹை லிஃப்ட் பிளேடைப் போட்டுக்கொள்ளுங்கள். இலையை அங்கேயே நறுக்கிப் போடும் மல்ச்சிங் பிளேடு போட்டால் சருகு டெக்குக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வரும், நாம் விசிறியைத் திட்டிக்கொண்டிருப்போம். பிளேடு மழுங்கியிருந்தாலும் இதே கதைதான்.

சொந்த எஞ்சின் வைத்த வேக்யூம்களும் உண்டு, பின்னால் கட்டி இழுத்துப் போகிற வகை. பிடிஓ வகையில் எனக்குப் பிடித்தது அந்த இரண்டாவது எஞ்சின் இல்லாததுதான். வருடத்தில் சில வாரம் மட்டும் ஓடி, மீதி நாளெல்லாம் மூலையில் கிடக்கும் சின்ன பெட்ரோல் எஞ்சினில் பழைய பெட்ரோல் பிசினாகி கார்புரேட்டரை அடைக்கும், அடுத்த இலையுதிர் காலத்தில் கயிற்றை இழுத்து இழுத்துத் தோள்பட்டை போய்விடும். பிடிஓவில் அந்தத் தலைவலி கிடையாது. ஆனால் நான்கு கூடைச் சருகு அள்ளுவதற்கும் டிராக்டரைக் கிளப்பி பிடிஓ வேகத்துக்கு எஞ்சினை ஏற்றித்தான் ஆக வேண்டும். டீசலும் போகும், சத்தமும் சும்மா இருக்காது, காதுக்கு எதையாவது போட்டுக்கொள்ளுங்கள்.

டிராக்டர் எது என்பதும் முக்கியம். கியருக்குப் பதில் எண்ணெய் அழுத்தத்தால் நகரும் ஹைட்ரோஸ்டாட்டிக் வண்டி என்றால் கவலையே இல்லை, எஞ்சினை ஒரே வேகத்தில் வைத்துவிட்டுக் காலால் முன்னே பின்னே போகலாம், அடர்த்தியான இடம் வந்தால் ஊர்ந்து போகலாம், விசிறியின் வேகம் குறையாது. கியர் வண்டியிலும் ஓட்டலாம், மிகக் குறைந்த கியர் இருக்க வேண்டும், அவ்வளவுதான். சிக்கல் எங்கே என்றால், கிளட்சை மிதித்ததும் பிடிஓவும் நின்றுவிடுகிற பழைய வண்டிகளில். சருகு மேடு கண்டு நிறுத்த நினைத்துக் கிளட்சை மிதிப்போம், விசிறி நிற்கும், ஹோஸில் பறந்துகொண்டிருந்ததெல்லாம் அப்படியே விழுந்து அடைத்துக்கொள்ளும். அந்த மாதிரி வண்டி வைத்திருப்பவர்களுக்கு இதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

மாட்டும்போது பிடிஓவையும் விசிறியையும் இணைக்கும் ஷாஃப்ட்டின் நீளத்தைக் கட்டாயம் பாருங்கள். இயந்திரத்தோடு வருகிற ஷாஃப்ட் பல வண்டிகளுக்கு நீளமாகத்தான் இருக்கும், அளந்து வெட்ட வேண்டும். நீளமாக இருந்தால் லிங்கேஜை ஏற்றும்போது உள்குழாய் முட்டி பேரிங்கைக் கெடுக்கும், ரொம்பக் குட்டையாக இருந்தால் ஓடும்போதே கழன்றுவிடும். லிங்கேஜை அதிகம் தூக்கிய நிலையில் ஓட்டினால் ஷாஃப்ட் முனையில் வளைந்து கொடுக்கும் கிராஸ் ஜாயிண்ட் கடகடவென்று சத்தம் போடும், அந்தச் சத்தத்தைக் கேட்டும் ஓட்டிக்கொண்டிருக்கக் கூடாது. பிடிஓவைப் போடும்போது ஆக்சிலேட்டரைக் குறைத்து வைத்துப் போட்டு, அப்புறம் மெதுவாக ஏற்றினால் பெல்ட் நெடுநாள் வரும். விசிறியின் எடை முழுவதும் பின்னால் இருப்பதால் முன்சக்கரம் லேசாகிவிடும், சரிவான இடத்தில் ஸ்டியரிங் பிடிக்காதது போலத் தோன்றும். முன்னால் லோடரோ எடையோ இருப்பது நல்லது.

சரி, சருகு விஷயத்துக்கு வருவோம். மேப்பிள் மாதிரி மெல்லிய இலைகள் இதற்கென்றே படைத்தவை, பொடிப்பொடியாகிப் பெட்டிக்குள் போய்விடும். ஓக் இலை தோல் மாதிரி தடிப்பு, சரியாக நொறுங்காது. தவிர அந்த மரம் எல்லா இலையையும் ஒரே மூச்சில் உதிர்க்காது, மற்ற மரமெல்லாம் மொட்டையான பிறகும் கொஞ்சத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு நம்மை மறுபடி வெளியே வரவைக்கும். பைன் ஊசிகள் புல்லுக்குள் செருகிக்கொள்ளும், அவற்றை எந்த வேக்யூமும் முழுதாக எடுக்காது. நனைந்த சருகு எந்த மரத்துடையதாக இருந்தாலும் வம்புதான். டெக்கிலிருந்து ஹோஸ் திரும்புகிற முழங்கையில் போய் அப்பிக்கொள்ளும், பின்னால் வருவதெல்லாம் அதன்மேல் சேரும், கொஞ்ச நேரத்தில் விசிறி வெறும் சத்தம் மட்டும் போடும். காலையில் பனி ஈரம் காயும்வரை வேறு வேலை பாருங்கள். மழை பெய்த மறுநாள் ஓட்ட வேண்டாம்.

அடைப்பு எடுப்பது பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பிடிஓவை நிறுத்து, எஞ்சினை நிறுத்து, சாவியை எடுத்துப் பையில் போடு, விசிறி முழுவதும் நிற்கும்வரை காத்திரு, அப்புறம் கை வை. பிடிஓவை அணைத்த பிறகும் அந்தக் கனமான விசிறி சும்மா சுற்றிக்கொண்டுதான் இருக்கும். ஷாஃப்ட்டின்மேல் பிளாஸ்டிக் உறை உடைந்திருந்தால் மாற்றாமல் ஓட்டாதீர்கள், தொங்குகிற சட்டை நுனியோ ஷூ கயிறோ மாட்டினால் கத்துவதற்குக்கூட நேரம் இருக்காது.

காய்ந்த சருகில் வேறொரு தொல்லை, தூசி. வலை வழியாக வெளியேறும் காற்றோடு சருகுப் பொடியும் வரும், காற்று நம் பக்கம் அடித்தால் கழுத்து, காது, மூக்கு எல்லாம் அதுதான். முகக்கவசம் இல்லாமல் ஏறாதீர்கள். நமக்கு வந்தால் துடைத்துக்கொள்ளலாம், டிராக்டர் என்ன செய்யும்? ரேடியேட்டர் முன்னால் இருக்கும் வலையில் இந்தப் பொடி படிந்து போர்வை மாதிரி மூடிக்கொள்ளும், வெப்பமானி முள் மெதுவாக ஏறத் தொடங்கும். ஒவ்வொரு முறை பெட்டியைக் கொட்டும்போதும் முன்னால் போய் அந்த வலையைத் தட்டிவிட்டு வருவது என் வழக்கம்.

இப்போது கொட்டும் கதை. நொறுக்கிய சருகு பெட்டிக்குள் காற்றின் வேகத்தில் இறுகிப்போகிறது. பத்துப் பங்கை ஒரு பங்காக்கும் என்று விளம்பரத்தில் எழுதுவார்கள், அந்தக் கணக்கு காய்ந்த மெல்லிய இலைக்குப் பொருந்தினாலும் ஓக்குக்குப் பொருந்தாது, ஆனால் அளவு நன்றாகக் குறைகிறது என்பது உண்மை. அந்த இறுக்கம்தான் பிறகு நம் காலைப் பிடிக்கிறது. கதவைத் திறந்து பெட்டியைச் சாய்த்தால் எல்லாம் வழிந்து விழும் என்று நினைப்போம், பாதி விழும், மீதி சுவரைப் பற்றிக்கொண்டு நிற்கும், அப்புறம் கவைக்கோலை எடுத்துக் குத்திக் குத்தி இழுக்க வேண்டும். என் பெட்டி கையால் சாய்க்கிற வகை, அதுதான் இந்த இயந்திரத்தில் எனக்குப் பெரிய குறை. முன்பக்கத்தைவிடப் பின்பக்கம் அகலமாக, உள்சுவர் வழவழப்பாக, கதவு முழு அகலத்துக்கும் திறப்பதாக இருந்தால் பிழைத்தோம். ஹைட்ராலிக்கில் சாய்கிற பெட்டி கிடைத்தால், டிராக்டரில் அதற்கான வால்வும் இருந்தால், கூடுதல் செலவை யோசிக்காமல் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். அது இல்லாதவர்களுக்கு ஒரு உபாயம், பெட்டியின் தரையில் ஒரு தார்ப்பாயை விரித்து அதன் நுனியைக் கதவுக்கு வெளியே விட்டுவைத்தால் நிறைந்த பிறகு அந்த நுனியை இழுத்தே முக்கால்வாசியை வெளியே கொண்டுவந்துவிடலாம். தார்ப்பாய் வலையை மறைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், காற்று வெளியேற வழி இல்லாவிட்டால் இழுப்பு செத்துவிடும்.

குவியல் எங்கே என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். தோட்டத்தின் ஒரு கோடியில் குவியலை வைத்துவிட்டு மறுகோடியில் சருகு அள்ளினால் ஓட்டும் நேரத்தைவிடப் போய்வரும் நேரம் கூடும். முடிந்தால் இரண்டு இடத்தில் குவியுங்கள். நொறுங்கிய சருகு முழு இலையைவிட வேகமாக மக்கும். காய்ந்த சருகில் கார்பன் மிக அதிகம், நைட்ரஜன் குறைவு, அதனால் தனியாகப் போட்டால் மெதுவாகத்தான் மக்கும், இலைமக்காக ஒரு வருடம் இரண்டு வருடம்கூட ஆகும். பச்சைப் புல்லைக் கலந்து, ஈரம் காயாமல் வைத்து, அவ்வப்போது புரட்டினால் அதற்கு வெகுமுன்பே மண்ணுக்குத் தயாராகிவிடும். கடைசி சில முறை புல்லையும் சருகையும் ஒன்றாக இழுத்தால் கலக்கும் வேலைகூட மிச்சம்.

இத்தனையும் சொன்ன பிறகு, இது உங்களுக்கு வேண்டுமா? சருகு மெல்லியதாக விழுந்திருந்தால் வேண்டாம். மல்ச்சிங் பிளேடு போட்டு அங்கேயே நொறுக்கிப் புல்லுக்குள் விட்டுவிடுங்கள். மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் புல்தரை ஆய்வுகள் இதனால் புல்லுக்குக் கெடுதல் இல்லை என்றுதான் காட்டின. சின்ன இடத்துக்குச் சக்கரம் சுழன்றால் தூரிகையும் சுழல்கிற இழுவைத் துடைப்பமே போதும், அதற்கு பிடிஓவும் வேண்டாம், பெல்ட்டும் வேண்டாம், நொறுக்காது என்பதுதான் குறை. புல்லே தெரியாத அளவுக்குச் சருகு கனமாக மூடுகிற, பெரிய மரங்கள் நிறைந்த, டிராக்டர் தாராளமாகத் திரும்ப இடமுள்ள நிலம் என்றால் மட்டும் வாங்குங்கள். பெட்டியோடு சேர்த்து வண்டி நீளமாகிவிடும், வேலி மூலைகளில் ரிவர்ஸ் எடுப்பது ஒரு சாமர்த்தியம். வேலியோரச் செடிகளுக்கு அடியில் கிடப்பதை நான் அள்ளுவதே இல்லை, பட்டாம்பூச்சிகளும் அந்துப்பூச்சிகளும் பல இனங்கள் கூட்டுப்புழுவாகக் குளிரைக் கழிப்பது அந்தச் சருகுக்குள்தான்.

பராமரிப்பு அதிகம் இல்லை. ஷாஃப்ட்டுக்கும் பேரிங்குகளுக்கும் கிரீஸ், பெல்ட்டின் இறுக்கம், சீசன் முடிந்ததும் விசிறிக் கூட்டுக்குள் ஒட்டியிருக்கும் ஈரப்பொடியைச் சுரண்டி எடுப்பது. அதை விட்டுவைத்தால் அங்கிருந்துதான் துரு தொடங்கும். திடீரென்று அதிர்வு கூடினால் விசிறித் தகடு ஒன்று சேதமாகியிருக்கிறது என்று வைத்துக்கொண்டு நிறுத்திப் பாருங்கள், கூழாங்கல் ஒன்று உள்ளே போனாலே போதும். முதலில் தேய்ந்து ஓட்டையாவது ஹோஸ்தான், அதுவும் வளைவின் வெளிப்பக்கம். அதை அவ்வப்போது திருப்பி மாட்டினால் தேய்மானம் பரவலாகும். கடைசியில் மாற்றத்தான் வேண்டிவரும், அதனால் வாங்கும்போதே அந்த விட்டத்தில் ஹோஸ் வெளியில் கிடைக்கிறதா, அல்லது தயாரித்தவரிடம் மட்டும்தானா என்று விசாரித்துவிடுங்கள்.