ஜிப் பையில் வந்த ‘யூரினரி’ தீனி: கொழிஞ்சாம்பாறை, சித்தூர்ப் பக்கம் பூனை வளர்ப்பவர்கள் கவனிக்க

ஆண் பூனை வைத்திருப்பவர்கள் இந்த முதல் பத்தியையாவது படித்துவிட்டுப் போங்கள். பூனை அடிக்கடி மணல் தட்டில் போய் உட்கார்ந்து, முக்கி, ஒன்றும் வராமல் எழுந்து வந்தால், “மலச்சிக்கலாக இருக்கும்” என்று யாராவது சொல்வார்கள். நம்பாதீர்கள். மணலைத் தொட்டுப் பாருங்கள். ஈரம் இல்லையென்றால் அந்த நேரமே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள், நள்ளிரவாக இருந்தாலும் சரி. சிறுநீர் முழுதாக அடைத்துக்கொண்ட பூனைக்கு ஒன்றிரண்டு நாள்தான் அவகாசம். மற்றதைப் பிறகு படித்துக்கொள்ளலாம்.

எங்கள் வீட்டில் மூன்று பூனைகள். மூத்தவன் முதலாளி, ஆறு வயது, கருத்தடை செய்த ஆண். நான் தேங்காய் மண்டிக்குக் கணக்கு எழுதுகிறவள். பேரேட்டைத் திறந்தால் அதன்மேல் வந்து உட்கார்ந்துகொண்டு நகர மாட்டான், அதனால் அந்தப் பெயர். அடுத்தது அம்மிணி. கடைசி, சந்தையில் லாரிக்கு அடியில் கிடைத்த சுண்டல். அப்போது அவனுக்கு மூன்று மாதம் இருக்கும்.

கடந்த மாசியில், பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வறட்டிக்கொண்டிருந்த நாட்களில், முதலாளி குளியலறைத் தண்ணீர் போகும் துளைமேல் போய்க் குந்த ஆரம்பித்தான். குந்துவான், முனகுவான், எழுந்து நக்கிக்கொள்வான், பத்து நிமிடத்தில் திரும்பவும் போவான். வழக்கமாகத் தீனி வாங்கும் கடைக்காரரை போனில் கூப்பிட்டேன். நாங்கள் இருப்பது கேரளத்தில், பாலக்காடு மாவட்டத்தில்; கடை எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில். கோபாலபுரம் வழியாகப் பஸ்ஸில் போக வேண்டும். கடையின் பெயரை எழுதப்போவதில்லை, கருத்தில் கேட்காதீர்கள். “சூட்டுக்கு மலம் கட்டியிருக்கும் அக்கா, அரை ஸ்பூன் விளக்கெண்ணெய் கொடுங்கள்” என்றார். கொடுத்தேன். மறுநாள் காலை சோற்றுத் தட்டைக்கூடத் திரும்பிப் பார்க்காமல் வாந்தி எடுத்தான். வயிற்றைத் தொட்டால் எலுமிச்சம்பழம் போல ஒரு கட்டி உருண்டது. பிறகுதான் தெரிந்தது, அது நிரம்பி இறுகிய மூத்திரப்பை.

பாலக்காட்டு டாக்டர் மலையாளி. உள்ளே நுழைந்ததும் கேட்ட முதல் கேள்வி, “பூச்சய்க்கு மூத்ரம் போகுன்னுண்டோ?” (பூனைக்குச் சிறுநீர் போகிறதா?) கடைக்காரர் கேட்காத கேள்வி அது ஒன்றுதான். இரத்தத்தில் பொட்டாசியம் ஏறியிருந்தது. அது இன்னும் ஏறினால் இதயத் துடிப்பு தடுமாறிவிடுமாம். மயக்க மருந்து கொடுத்து, நூல் போன்ற குழாயைச் செருகி, சிவப்பாக வந்ததை வடித்தார். மூன்று நாள் டிரிப்ஸ். பெண் பூனைக்கு மூத்திரக் குழாய் அகலம், அதனால் இப்படி அடைப்பது அரிது. ஆணுக்குக் குழாயின் நுனி மிகக் குறுகல், மணல் துகள் அளவு போதும் என்றார்.

மூன்றாம் நாள் என்னை நுண்ணோக்கியில் கண்ணை வைத்துப் பார்க்கச் சொன்னார். வெளிச்ச வட்டத்துக்குள் கண்ணாடிச் சில்லுகள் போலப் படிகங்கள், ஒவ்வொன்றும் ஓரம் சீவிய நீள்சதுரம். சவப்பெட்டி மூடி என்றே இந்த வடிவத்துக்குப் பெயராம். ஸ்ட்ரூவைட்: மெக்னீசியம், அம்மோனியம், பாஸ்பேட் மூன்றும் சேர்ந்தது. சிறுநீரில் காரத்தன்மை கூடினால் திரளும், அமிலப் பக்கம் கொண்டுவந்தால் கரையும். பூனையின் சிறுநீர் இயல்பாகவே இலேசான அமிலம். முதலாளிக்கு அன்று சோதனைப் பட்டையில் pH 7.5 காட்டியது, ஏழுக்கு மேல் என்றால் காரம். மெக்னீசியமும் பாஸ்பரஸும் குறைத்து, சிறுநீரை அமிலமாக்கும் மருத்துவத் தீனி ஒன்றைச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

இதில் ஒரு விஷயத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என்னை ஏமாற்ற முடிந்ததே இது தெரியாததால்தான். கடையில் அலமாரியிலேயே கிடக்கும் பைகள் சிலவற்றிலும் ‘யூரினரி’, அதாவது சிறுநீர்ப் பாதைக்கானது, என்ற சொல் இருக்கும். அவை நோய் இல்லாத பூனைக்கான அன்றாடத் தீனி. மருத்துவர் எழுதிக் கொடுப்பது வேறு. அது படிகத்தைக் கரைக்கவே கலந்தது. எல்லாப் பூனைக்கும் ஒரே வகைக் கல்லும் இல்லை. கால்சியம் ஆக்சலேட் என்று இன்னொன்று இருக்கிறது. அது எந்தத் தீனிக்கும் கரையாது, சிறுநீரை மேலும் அமிலமாக்கினால் அது கூடவும் செய்யலாம். பூனையைத் தண்ணீர் குடிக்க வைப்பதற்காகச் சில மருத்துவத் தீனிகளில் உப்பு கூட்டியிருப்பார்கள். இதயமோ சிறுநீரகமோ கெட்ட பூனைக்கு அது ஆகாது. ஆகவே சிறுநீரைச் சோதிக்காமல் யாரும் தீனி தேர்ந்தெடுக்க முடியாது. கல்லாவில் உட்கார்ந்திருக்கிறவர் நிச்சயம் முடியாது.

சீட்டை எடுத்துக்கொண்டு அதே கடைக்குப் போனேன். ஏன் போனாய் என்று என் நாத்தனாரும் கேட்டார். விளக்கெண்ணெய் சொன்னது அறியாமை என்று விட்டுவிட்டேன். தவிர, ஒன்றரைக் கிலோ பை ஆயிரத்து எண்ணூறு ரூபாய், அவரோ “எதற்கு அக்கா முழுப் பை? பெரிய மூட்டை பிரித்து வைத்திருக்கிறேன், கிலோ அறுநூற்றைம்பதுக்குத் தருகிறேன்” என்றார். பாதி விலைக்கு மருந்து கிடைக்கிறதே என்று வாங்கினேன். அந்தப் பேராசை என்னுடையது, ஒப்புக்கொள்கிறேன்.

கிலோ கிலோவாக எடை போட்டு மூடித் தயாராக அடுக்கியிருந்த ஜிப் பைகளில் இரண்டை எடுத்துக் கொடுத்தார். மேலே ஒரு வெள்ளைத் துண்டில் மார்க்கரால் ‘யூரினரி’ என்று எழுதியிருந்தது. தயாரித்தவர் பெயர் இல்லை, மாதம் இல்லை, எதில் செய்தது என்பதும் இல்லை. கூடவே கிரான்பெர்ரிப் பொடி என்று முந்நூறு ரூபாய்க்கு ஒரு டப்பாவும் தலையில் கட்டினார். அதை முதலாளி முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. “மூன்று பூனைக்கும் இதையே போடுங்கள், குட்டிக்கு இன்னும் நல்லது” என்பது வழியனுப்பும்போது அவர் சொன்ன உபதேசம்.

நாற்பது நாள், தீரத் தீர வாங்கி, அதைத்தான் போட்டேன். நாற்பத்தொன்றாம் நாள் முதலாளி மறுபடியும் குளியலறைத் துளைமேல் குந்தினான்.

இந்தத் தடவை விளக்கெண்ணெய் இல்லை, நேரே பாலக்காடு. மறுபடி குழாய், மறுபடி டிரிப்ஸ். மருந்துக் கடைச் செலவோடு ஒன்பதாயிரத்து நானூறு ரூபாய். இன்னொரு முறை அடைத்தால் குழாயின் குறுகலான நுனியையே நீக்கி வழியை அகலப்படுத்தும் அறுவை சிகிச்சைதான் என்று டாக்டர் எச்சரித்தார். பிறகு, நான் சொன்னபடிதான் தீனி போகிறதா என்று கேட்டார். பையிலிருந்த ஜிப் கவரை மேசைமேல் வைத்தேன்.

அவர் ஒரு பிடி எடுத்து வெள்ளைத் தாளில் பரப்பினார். ஆரஞ்சு நிறத்தில் மீன் வடிவம், பச்சையில் கூட்டல் குறி, பழுப்பில் வட்டம். பக்கத்து அலமாரியிலிருந்து சீட்டில் எழுதிய தீனியின் பையை எடுத்துப் பிரித்து, அதிலும் ஒரு பிடி கொட்டினார். எல்லாம் ஒரே பழுப்பு, ஒரே வடிவம், சாயம் கிடையாது. தாளில் இரண்டு குவியல். விளக்கம் தேவைப்படவில்லை. என் குவியலைத் தொட்டதில் என் விரலில் ஆரஞ்சுச் சாயம் ஒட்டியிருந்தது. வீடு போய்ச் சேரும் வரை அதையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

மறுவாரம் கடைக்குப் போனேன். முன்னால் நின்று சண்டை போடாமல், முதலில் பறவைக் கூண்டு விலை கேட்பதுபோல உள்ளே நடந்தேன். பின்பக்கம் ஒரு பையன் தரையில் உட்கார்ந்து, வாய் பிரித்த மூட்டையிலிருந்து அலுமினியச் சட்டியால் அள்ளி ஜிப் பைகளை நிரப்பிக்கொண்டிருந்தான். ஆரஞ்சு மீன், பச்சைக் கூட்டல். அதே குவியல் மூன்று வகைப் பைகளுக்குப் போயிற்று: ஒன்றில் எழுத்து இல்லை, ஒன்றில் ‘முடி உதிர்வு’, ஒன்றில் ‘யூரினரி’. எழுத்து இல்லாதது கிலோ இருநூற்றிருபது. ஐந்து ரூபாய் மார்க்கருக்கு இத்தனை சம்பாத்தியம் வேறெந்தத் தொழிலில் கிடைக்கும் என்று தெரியவில்லை.

கேட்டதற்கு அவர் குரலைக்கூட உயர்த்தவில்லை. “எல்லாம் ஒரே கம்பெனி மாவுதான் அக்கா, பெயர்தான் வேறு. உங்கள் பூனைக்கு உடம்புவாகு அப்படி.” பிறகு, கடையில் இன்னும் இரண்டு பேர் திரும்பிப் பார்த்ததும், கல்லாவிலிருந்து அறுநூற்றைம்பதை எடுத்து நீட்டினார். நான் வாங்கவில்லை. வாங்கியிருந்தால் விஷயம் தீர்ந்தது என்று ஆகியிருக்கும்.

புகார் கொடுக்க நினைப்பவர்களுக்கு நான் அலைந்து தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். உணவுப் பாதுகாப்பு அதிகாரியிடம் போய்ப் பயனில்லை. 2006ஆம் ஆண்டுச் சட்டத்தில் ‘உணவு’ என்பதில் விலங்குத் தீனி சேராது. ஆனால் முன்கூட்டியே எடை போட்டு மூடி விற்கும் எந்தப் பொட்டலத்திலும் தயாரித்தவர் அல்லது பொட்டலமிட்டவர் பெயரும் முகவரியும், நிகர எடை, மாதமும் ஆண்டும், அதிகபட்ச விலை எல்லாம் இருக்க வேண்டும் என்று 2011ஆம் ஆண்டுப் பொட்டலப் பொருள் விதிகள் சொல்கின்றன. தமிழ்நாட்டில் இதைப் பார்ப்பது தொழிலாளர் துறை. கேரளத்தில் எடையளவுக்கென்றே தனித் துறை. நுகர்வோர் உதவி எண் 1915. எல்லையில் இருக்கும் நமக்கு உபயோகமான இன்னொன்று: 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கடை எந்த மாநிலத்தில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை ஐந்து இலட்சம் வரை என்றால் கட்டணமும் இல்லை. கடைக்காரர் எனக்குக் கொடுத்த பில் ஒரு துண்டுச் சீட்டு, அதில் ‘பூ.தீனி 2’ என்று மட்டும் இருந்தது. நல்லவேளையாகப் பணத்தை போனில் அனுப்பியிருந்தேன், அந்தப் பதிவு இருக்கிறது. மீதமிருந்த கவரையும் ஒட்டியபடியே வைத்திருக்கிறேன். புகார் பதிவாகியிருக்கிறது, இன்னும் முடியவில்லை.

இப்போது வீட்டில் எப்படி என்று பலர் கேட்டீர்கள். முழுப் பையாக, முத்திரை பிரியாததாக, டாக்டரிடமே வாங்குகிறேன். சேர்ந்து தின்பதுதான் பெரிய தொல்லையாக இருந்தது. ‘குட்டிக்கு இன்னும் நல்லது’ என்றாரே, உண்மையான மருத்துவத் தீனிப் பையில் வளரும் குட்டிக்கும் சினைப் பூனைக்கும் பாலூட்டும் பூனைக்கும் ஆகாது என்று அச்சடித்தே இருக்கிறது. அந்த வகையில் சுண்டல் தின்றது போலி என்பதில் அவனுக்கு இலாபம். அம்மிணிக்கு உடம்பில் வேறு குறை இல்லாததால் முதலாளியின் தீனியையே தரலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நாள் முழுக்கத் தட்டில் தீனி கிடந்த காலம் போய், காலை ஏழு, பகல் ஒன்று, இரவு எட்டு என்று மூன்று வேளை. சுண்டலுக்கு அரிசி டிரம்மின் மேல். அந்த உயரத்துக்கு முதலாளியின் தொந்தி ஏறாது. இருபது நிமிடத்தில் தட்டுகளை எடுத்துவிடுவேன். முதல் வாரம் மூன்று பேரும் என்னை எதிரியாகப் பார்த்தார்கள்.

தண்ணீர்தான் தீனி அளவுக்கே முக்கியம் என்பது எனக்குத் தாமதமாகப் புரிந்தது. பாலைநிலக் காட்டுப்பூனையின் வழி வந்தது வீட்டுப்பூனை, அதற்குத் தாகம் குறைவு. காய்ந்த தீனியில் நூற்றுக்குப் பத்துப் பங்கு அளவில்தான் நீர்; பவுச்சில் வரும் ஈரத் தீனியில் எழுபத்தைந்துக்கு மேல். இரவு வேளைக்கு அதே மருத்துவத் தீனியின் பவுச், மற்ற வேளைகளில் காய்ந்ததன்மேல் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி ஊறவைத்தது. நான்கு இடங்களில் வாய் அகன்ற கிண்ணம், தீனித் தட்டிலிருந்து தள்ளி. பக்கத்து வீட்டு அத்தை கருவாடு வைப்பதை மட்டும் நிறுத்தவே முடியவில்லை. உப்பு தின்றால் தண்ணீர் குடிப்பான்தானே என்று வாதாடுகிறார். கருவாட்டில் உப்போடு முள்ளும் அதன் தாதுக்களும் சேர்ந்தே போகின்றன என்று சொல்லிப் பார்த்தேன். மதிலில் ஓட்டை அடைத்ததுதான் பலித்தது.

தினமும் காலையில் முதலாளியின் தட்டு மணலைச் சலித்து, கட்டிகளை எண்ணிப் பேரேட்டின் கடைசிப் பக்கத்தில் குறிக்கிறேன். நேற்று மூன்று, இன்று இரண்டு, இரண்டுமே பெரியவை. சிறிய கட்டிகளாக நிறைய வந்தாலும் ஒன்றும் வராவிட்டாலும் உடனே கூப்பிடச் சொல்லியிருக்கிறார் டாக்டர்.

சென்ற வாரம் வண்ணாமடையிலிருந்து ஒரு பெண் எனக்கு ஒரு படம் அனுப்பி, இது நல்லதா என்று கேட்டிருந்தார். ஜிப் பை, வெள்ளைத் துண்டு, அதே கையெழுத்து. எழுநூறு ஆக்கிவிட்டார்களாம்.