புளூடூத்தா, வைஃபையா, ஈஎஸ்பி-நவ்வா: இரண்டு போகம் பாவித்த பிறகு

கிளிநொச்சிப் பக்கம் வயலும் தோட்டமும் சேர்ந்த காணி ஒன்றில் பெரும்போகம், சிறுபோகம் இரண்டும் ஓடிமுடிந்த பிறகு எழுதுவது. வேலை சின்னது: மண் ஈரம், தொட்டி நீர்மட்டம், மோட்டர் ஓடுதா இல்லையா. எல்லா இடத்திலும் ஈஎஸ்பி32தான், அதாவது வைஃபையும் புளூடூத்தும் உள்ளேயே இருக்கிற சின்னக் கட்டுப்பாட்டுச் சிப்.

தூரத்தை மட்டும் வைத்து ரேடியோவைத் தெரிந்தெடுத்தால் பிழையாய்ப்போகும். மறுமுனையில் போனா போர்டா, கரண்ட் எங்கேயிருந்து வருகுது என்பதைத்தான் முதலில் பார்க்கவேண்டும்.

ஆள் கிட்டப் போய்ப் போனில் வாசிக்கிற இடத்துக்கு பிஎல்ஈ (கரண்ட் குறைவாக எடுக்கிற புளூடூத்) போதும். ஆனால் மினக்கெடுத்துவது அண்ட்ரொய்ட் பக்கம். எம்டியு, அதாவது ஒரு தடவையில் அனுப்பக்கூடிய அளவு, தொடக்கத்தில் 23 பைட். தலைப்பு போக 20தான் மிஞ்சும். ஜேசன் (எழுத்து வடிவத் தரவு) அனுப்பினால், போர்டு போனுக்கு அனுப்புகிற நோட்டிபிகேஷன் பாதியில் வெட்டுப்படும். 16 பைட்டுக்குள் ஒரு ஸ்ட்ரக்டாக (எண்களை நெருக்கி அடுக்கிய கட்டு) கட்டி அனுப்பினால் அந்தத் தொல்லையே இல்லை. ஜிஏடிடி வேலைகளை (பிஎல்ஈயில் வாசிப்பது, எழுதுவது) ஒன்று முடிந்து மற்றது என்று வரிசையில் விடவேண்டும். இல்லாவிட்டால் இரண்டாவது ரைட் சத்தமில்லாமல் காணாமல்போகும். அண்ட்ரொய்டில் 133 என்ற தொடர்புப் பிழை வந்தால் தொடர்பைத் துண்டித்தால் மட்டும் காணாது, அந்த இணைப்பை க்ளோஸும் செய்யவேண்டும்.

வயலுக்குள் போர்டும் போர்டும் நேரே பேச ஈஎஸ்பி-நவ் (ஈஎஸ்பி சிப்களுக்கான ரேடியோ முறை). அதன் முதல் பதிப்பில் ஒரு பொதிக்கு 250 பைட், றவுட்டர் தேவையில்லை. வீட்டில் இருக்கிற கேட்வே (வயல் தரவை வாங்கி இணையத்துக்குக் கடத்துகிற போர்டு) மட்டும் வைஃபையிலும் நிற்கும், வில்லங்கம் அங்கேதான். றவுட்டர் ஓட்டோ சனலில் (அலைவரிசையைத் தானே தெரிவுசெய்வது) இருந்தால், கரண்ட் போய் வந்ததும் 6இல் இருந்தது 11க்குத் தாவும், கேட்வேயும் பின்னால் போகும், வயலில் நிற்கிற போர்டுகள் பழைய சனலிலேயே கத்திக்கொண்டிருக்கும். றவுட்டரில் சனலை நிரந்தரமாகப் போட்டுவிடுங்கள். கேட்வேயில் வைஃபை ஸ்லீப்பையும் நிறுத்தவேண்டும், இல்லையென்றால் பொதிகள் தவறும். ஈரமானியை 32 முதல் 39 வரையான பின்களில் மட்டும் கொடுங்கள். சிப்பில் வோல்ட் அளக்கிற இரண்டு பகுதிகளில் இரண்டாவதான ஏடிசி2இன் பின்கள் வைஃபை ஓடும்போது வாசிக்காது.

பற்றறிக் கணக்கில் கன பேர் ஏமாறுவது போர்டில். சிப் தூங்கும்போது எடுப்பது மைக்ரோ அம்பியர் கணக்கில்தான். ஆனால் மலிவான போர்டின் ஏஎம்எஸ்1117 ரெகுலேட்டர் (வோல்ட்டை 3.3க்கு இறக்கிக் கொடுப்பது) மட்டும் 5 மில்லி அம்பியர் அளவில் தின்னும். 2500 மில்லி அம்பியர்-மணி பற்றறி மூன்று கிழமையில் படுத்துவிடும். பற்றறி 3.7 வோல்ட்டுக்கு இறங்கினால் அந்த ரெகுலேட்டர் 3.3ஐக் கொடுக்கவும் மாட்டாது, போர்டு திரும்பத் திரும்ப ரீசெட் ஆகும். 3.2 வோல்ட் லித்தியம் இரும்பு பொஸ்பேற் பற்றறியை ரெகுலேட்டர் இல்லாமல் நேரே 3.3 பின்னில் கொடுப்பது மேல்.

நெல் மூட்டை அடையாளத்துக்கு என்எப்சி (போனைக் கிட்டப் பிடித்து வாசிக்கிற ஒட்டு) நல்லது. என்டாக்213 வகை ஒட்டில் 144 பைட்தான், ஐடி மட்டும் எழுதுங்கள். தகரத்தில் ஒட்டினால் வாசிக்காது. ஸிக்பீ என்ற இன்னொரு ரேடியோ முறை இவ்வளவு சின்ன வேலைக்குத் தேவையில்லை.

நெல் குடலைப் பருவத்துக்கு வந்ததும், பனி நனைந்த காலையில் சிக்னல் விழும். அன்டெனாவைப் பிவிசி குழாயில் பயிருக்கு மேலே தூக்கவேண்டும். தகர மோட்டர் கொட்டிலுக்குள் போர்டை வைக்கவே வேண்டாம். கிடுகுக் கொட்டில் இந்த விஷயத்தில் திறம். பெட்டியில் வயர் போகிற ஓட்டையைச் சிலிக்கோனால் அடைக்காவிட்டால், முதல் மழையோடு எறும்பு முட்டையோடு குடிவந்துவிடும்.