எவரெஸ்ட் பேஸ் கேம்ப்பா, கிளிமஞ்சாரோவா, மோன் பிளாங் சுற்றா?

சின்னச் சின்ன மலைகளில் நடந்து பழகியவர்கள், அடுத்து ஒரு பெரிய ட்ரெக்கிங் போகலாம் என்று உட்கார்ந்தால் பெரும்பாலும் இந்த மூன்று பெயர்களில்தான் வந்து நிற்கிறார்கள். மூன்றுக்கும் கயிறு வேண்டாம், பனிக்கோடாரி வேண்டாம், நடந்தே போய் வந்துவிடலாம். அதனாலோ என்னவோ, மூன்றையும் உயரத்தை வைத்து வரிசைப்படுத்திவிடுகிறார்கள். தான்சானியாவில் உள்ள கிளிமஞ்சாரோவின் உச்சியான உஹுரு சிகரம் 5,895 மீட்டர். நேபாளத்தில் உள்ள எவரெஸ்ட் பேஸ் கேம்ப் 5,364 மீட்டர். ஐரோப்பாவின் ஆல்ப்ஸில் உள்ள மோன் பிளாங் சுற்றுப்பாதையில் மிக உயரமான கணவாய்கூட 2,665 மீட்டர்தான். ஆக, முதலாவது கஷ்டம், கடைசியானது சுலபம் என்று கணக்கை முடித்துவிடுவார்கள்.

எனக்கு இந்தக் கணக்கில் உடன்பாடு இல்லை. எவ்வளவு உயரம் என்று கேட்பதற்கு முன்னால், அந்த உயரத்துக்கு எத்தனை நாளில் போகிறோம், இரவில் எங்கே தூங்குகிறோம் என்று கேட்க வேண்டும்.

கிளிமஞ்சாரோவையே எடுத்துக்கொள்வோம். அதில் ஏறும் பாதைகளில் ஒன்றான மரங்கு பாதையின் நுழைவாயில் சுமார் 1,870 மீட்டரில் இருக்கிறது. ஐந்து நாள் திட்டத்தில் முதல் இரவு மண்டாரா குடிலில், இரண்டாம் இரவு 3,720 மீட்டரில் உள்ள ஹொரோம்போவில், மூன்றாம் நாள் 4,700 மீட்டரைத் தாண்டிய கீபோ குடிலில். அங்கே நாலைந்து மணி நேரம் கண்ணை மூடப் பார்ப்பீர்கள். பெரும்பாலும் தூக்கம் வராது. நள்ளிரவில் எழுப்பி உச்சிக்குக் கிளப்பிவிடுவார்கள். நாலு நாளுக்குள் 4,000 மீட்டர் ஏற்றம். 3,000 மீட்டருக்கு மேலே போனால் தூங்கும் இடத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தாதீர்கள் என்பதுதான் மலை மருத்துவர்கள் சொல்வது. இங்கே ஒரே நாளில் அதைப் போல இரண்டு மடங்கு.

தெரிந்தும் ஏன் இந்தத் திட்டத்தை எடுக்கிறார்கள்? பணம்தான். தேசியப் பூங்காவின் கட்டணம் நாள் கணக்கில் வசூலிக்கப்படுகிறது. ஒரு நாள் கூடினால் கட்டணம் கூடும். போர்ட்டர்கள், சமையல்காரர், வழிகாட்டி எல்லாருக்கும் ஒரு நாள் சம்பளம் கூடும். வழிகாட்டி இல்லாமல் ஏற அனுமதியும் கிடையாது. ஆகவே மலிவான திட்டம்தான் உச்சியைத் தொடாமல் திரும்பும் வாய்ப்பு அதிகமுள்ள திட்டம். காசு மிச்சம் பிடிக்கப் போய், போன காரியத்தையே கோட்டை விடுவது.

அதே மலையில் லெமோஷோ என்ற இன்னொரு பாதை வழியாக எட்டு நாள் போவது கிட்டத்தட்ட வேறொரு பயணம். லெமோஷோ, மச்சாமே இரண்டு பாதைகளிலும் லாவா டவர் என்ற பாறை வரை, அதாவது சுமார் 4,600 மீட்டர் வரை ஏறி, அன்றைக்கே 4,000-க்குச் சற்றுக் கீழே உள்ள பரான்கோ முகாமுக்கு இறங்கித் தூங்குவார்கள். உடம்புக்கு உயரத்தைக் காட்டிவிட்டுக் கீழே கூட்டி வருகிற ஏற்பாடு. வழிகாட்டிகள் ஓயாமல் சொல்லும் 'போலே போலே' என்ற சுவாஹிலி வார்த்தைக்கு 'மெல்ல மெல்ல' என்று பொருள். மாரத்தான் ஓடுகிறவர்கள்தான் இதை முதலில் காதில் வாங்கிக்கொள்ள வேண்டும். உயரத்தில் ஆக்ஸிஜன் குறைவதால் வரும் மலைநோயை நல்ல உடல் வலு தடுக்காது. வேகமாக ஏறத் தூண்டுவதால் சில சமயம் அதுவே வினையாகிறது.

உச்சிக்குப் போகும் அந்த இரவைப் பற்றி யாரும் பூசி மெழுகத் தேவையில்லை. இந்தப் பாதைகளின் கடைசி முகாமான பராஃபுவிலிருந்து சுமார் 1,200 மீட்டர் ஏற்றம், கும்மிருட்டில், சறுக்கும் பொடிக்கற்களில், உறைய வைக்கும் குளிரில். சூரியன் உதிக்கும்போது கண்ணில் படும் பனிச்சுவர்கள் அழகுதான். ஆனால் 1912-இல் இருந்த பனியில் நாலில் ஒரு பங்குகூட இப்போது இல்லை. அப்புறம் அன்றைக்கே 2,500 மீட்டருக்கு மேல் இறக்கம். முழங்கால் அங்கேதான் பேசத் தொடங்கும்.

எவரெஸ்ட் பேஸ் கேம்ப் பாதை இதற்கு நேர்மாறான குணம் கொண்டது. 2,860 மீட்டரில் உள்ள லுக்லாவில் விமானம் இறங்குகிறது. அங்கிருந்து எட்டு நாளில் 2,500 மீட்டர்தான் ஏற்றம். 3,440 மீட்டரில் நாம்சே பஜாரில் இரண்டு இரவு, 4,410 மீட்டரில் டிங்போச்சேயில் இரண்டு இரவு என்று நிறுத்தி நிறுத்திப் போவார்கள். தலைவலி, குமட்டல் வந்தால் அடுத்த டீஹவுஸில், அதாவது வழியில் உள்ள சின்னத் தங்கும் விடுதியில், ஒரு நாள் கூடுதலாகப் படுத்துக்கொள்ளலாம். இந்தச் சௌகரியம் கிளிமஞ்சாரோவில் கிடையாது. அங்கே கூடாரம், சாப்பாடு, ஆட்கள் எல்லாம் ஒரே கால அட்டவணையில் நகர்கின்றன. தவிர, வழியில் உள்ள பெரிச்சே கிராமத்தில் ஹிமாலயன் ரெஸ்க்யூ அசோசியேஷனின் மருத்துவ நிலையம் இருக்கிறது. சீசனில் மலைநோய் பற்றி அங்கே மருத்துவர்கள் தினமும் பேசுவார்கள். அரை மணி நேரம் உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போங்கள்.

குறை இல்லையா என்றால், தாராளமாக இருக்கிறது. லுக்லாவின் ஓடுபாதை வெறும் 527 மீட்டர். மேகம் இறங்கினால் விமானம் கிடையாது. சீசனில் பல விமானங்கள் காத்மாண்டுவிலிருந்து கிளம்பாமல், சில மணி நேரச் சாலைப் பயணத்துக்கு அப்பால் உள்ள மந்தலியிலிருந்து கிளம்புகின்றன. திரும்பும்போது இரண்டு நாள் கையில் வைத்துக்கொள்ளாதவர்கள் ஊருக்குப் போகும் விமானத்தைத் தவறவிடுவார்கள். குளிர்ந்த வறண்ட காற்றில் வரும் 'கும்பு இருமல்' பலரையும் பிடிக்கும். இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: பேஸ் கேம்ப்பில் நின்றால் எவரெஸ்ட் சிகரம் தெரியாது. பக்கத்து மலைகள் மறைத்துவிடும். அதைப் பார்க்க காலா பத்தர் மேட்டுக்கு ஏற வேண்டும். விடியற்காலை அந்த ஏற்றத்தைச் சோம்பலில் விட்டவர்கள் பாதிப் பயணத்தை விட்டவர்கள்.

மோன் பிளாங் சுற்றுக்கு வருவோம். 4,800 மீட்டரைச் சற்றே தாண்டிய அந்த மலையின் மீது நீங்கள் ஏறப்போவதில்லை. பிரான்ஸ், இத்தாலி, சுவிட்சர்லாந்து என்று மூன்று நாடுகள் வழியாக அதைச் சுற்றி வருகிறீர்கள். சுமார் 170 கிலோமீட்டர், பத்துப் பதினோரு நாள். மூச்சுக்குப் பஞ்சமில்லை, பெர்மிட் இல்லை, வழிகாட்டி கட்டாயமில்லை. ஆனால் ஒவ்வொரு நாளும் ஒரு கணவாயில் ஏறி மறுபக்கம் இறங்க வேண்டும். மொத்த ஏற்றத்தைக் கூட்டினால் சுமார் 10,000 மீட்டர், அதாவது கடல் மட்டத்திலிருந்து எவரெஸ்ட் உச்சிக்கு உள்ளதைவிட அதிகம். இறக்கமும் அதே அளவு. 'சுலபம்' என்று போனவர்கள் நாலாம் நாள் ஊன்றுகோல் தேடுகிறார்கள். ஆகஸ்ட் கடைசியில் இதே மலையைச் சுற்றி நடக்கும் ஓட்டப்பந்தயத்தில் 20 மணி நேரத்துக்குள் முடித்தவர்களும் உண்டு. அவர்கள் கதை வேறு.

இங்கே தலைவலி முன்பதிவுதான். ஜூன் பின்பாதி முதல் செப்டம்பர் நடுப்பகுதி வரைதான் சீசன் என்பதால் தங்கும் குடில்களில் இடம் பல மாதம் முன்பே தீர்ந்துவிடும். பதிலுக்கு, முடியவில்லை என்றால் அடுத்த பள்ளத்தாக்கில் பேருந்து ஏறிவிடலாம்.

சரி, என் ஓட்டு? பல நாள் தொடர் நடையே பழக்கமில்லை என்றால் மோன் பிளாங். உயரத்தில் தன் உடம்பு எப்படி நடந்துகொள்ளும் என்று தெரியாதவர்களுக்கு எவரெஸ்ட் பாதை. அங்கே தவறு செய்தால் திருத்திக்கொள்ள நாள் இருக்கிறது. பத்து நாள் விடுப்புதான் கிடைக்கும், சிகரம் ஒன்றைத் தொட்டே தீர வேண்டும் என்பவர்களுக்குக் கிளிமஞ்சாரோ. ஆனால் ஏழு நாளுக்குக் குறைந்த திட்டம் என்றால் வேண்டாம் என்பேன். மார்ச் முதல் மே வரையும் நவம்பரிலும் அங்கே மழை. அந்த மாதங்களையும் தவிருங்கள்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் காப்பீட்டுப் பத்திரத்தின் சின்ன எழுத்துகளைப் படித்துவிடுங்கள். பல பாலிசிகள் 3,000 அல்லது 4,000 மீட்டரோடு நின்றுவிடுகின்றன. மோன் பிளாங்குக்கு அது போதும். மற்ற இரண்டுக்கும் 6,000 மீட்டர் வரை ஹெலிகாப்டர் மீட்பு என்று பத்திரத்தில் எழுதியே இருக்க வேண்டும்.