சான்ஸ் கால்குலேட்டரை மூடுங்கள், காமன் டேட்டா செட்டைத் திறங்கள்

அமெரிக்காவில் பன்னிரண்டாம் வகுப்பில் கால்வைக்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளில், ஆகஸ்ட் பிறந்ததுமே இலவச சான்ஸ் கால்குலேட்டர்களைத் திறந்துவிடுவார்கள். ஜி.பி.ஏ. (பள்ளி மதிப்பெண் சராசரி), எஸ்.ஏ.டி. என்ற பொதுத் தேர்வின் மதிப்பெண், எடுத்த ஏ.பி. பாடங்கள் (பள்ளியிலேயே படிக்கும் கல்லூரி நிலைப் பாடங்கள்), பள்ளிக்கு வெளியே செய்தவை என எல்லாவற்றையும் நிரப்பினால், ஒவ்வொரு கல்லூரியிலும் இடம் கிடைக்கும் வாய்ப்பு இவ்வளவு என்று ஒரு சதவீதம் வந்து விழும். இந்தக் கருவிகளை அடியோடு ஒதுக்க வேண்டியதில்லை. விண்ணப்பிப்பவர்களில் பாதிப் பேரைச் சேர்த்துக்கொள்ளும் பல்கலைக்கழகங்களுக்கு அவை சொல்வது பெரும்பாலும் ஒத்துப்போகும், ஏனென்றால் அங்கே முடிவைத் தீர்மானிப்பது பெரும்பாலும் மதிப்பெண்தான். நூற்றுக்குப் பத்துப் பேரைக்கூட எடுக்காத இடங்களுக்கு அவற்றை நம்பிப் பட்டியல் போடக் கூடாது. அந்த இடங்களுக்கு, பல்கலைக்கழகங்களே ஆண்டுதோறும் இலவசமாக வெளியிடும் காமன் டேட்டா செட் என்ற புள்ளிவிவரத் தொகுப்பு பல மடங்கு மேல்.

காரணம் எளிது. இன அடிப்படையிலான சேர்க்கையை எதிர்த்து ஹார்வர்டு மீது தொடுக்கப்பட்ட வழக்கில் வெளிவந்த விவரங்களைப் பாருங்கள். 2019-இல் பட்டம் பெற வேண்டிய வகுப்புக்கு அமெரிக்க மாணவர்கள் மட்டும் சுமார் 26,000 பேர் விண்ணப்பித்தார்கள். அவர்களில் 8,000-க்கும் மேற்பட்டோரின் ஜி.பி.ஏ. குறையே இல்லாதது. எஸ்.ஏ.டி. கணிதத்தில் முழு மதிப்பெண் வாங்கியவர்கள் ஏறத்தாழ 3,500 பேர். மொத்தமாக அனுமதி கிடைத்ததோ சுமார் 2,000 பேருக்கு. அதாவது, கால்குலேட்டர் கேட்கும் எண்களில் முழுமையாகத் தேறியவர்களை மட்டும் வைத்தே அந்த வகுப்பைப் பல முறை நிரப்பியிருக்கலாம். அவர்களுக்குள் யார் என்பதைத் தீர்மானித்த பரிந்துரைக் கடிதத்தையும் கட்டுரையையும் எந்தக் கால்குலேட்டரும் படித்துப் பார்ப்பதில்லை.

செயல்பாடுகளைக் கேட்கிறதே என்பீர்கள். எப்படிக் கேட்கிறது என்று கவனியுங்கள். 'பள்ளி அளவு, மாநில அளவு, தேசிய அளவு' என்று நிலைகளைக் காட்டி, மாணவரையே ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. தேசியப் போட்டிக்குத் தகுதி பெற்ற ரோபாட்டிக்ஸ் குழுவில் பத்தோடு பதினொன்றாக இருந்தவரும், அந்த ரோபாட்டின் நிரலை எழுதியவரும் ஒரே 'தேசிய அளவு' பொத்தானைத்தான் அழுத்துவார்கள். பல கல்லூரிகளுக்கும் பொதுவான காமன் ஆப் விண்ணப்பத்தில் ஒரு செயல்பாட்டை விவரிக்க 150 எழுத்துகள் இடம் உண்டு. அந்த 150 எழுத்துகளிலும் ஆசிரியரின் கடிதத்திலும் இந்த இருவரும் தனித்தனியாகத் தெரிந்துவிடுவார்கள். கால்குலேட்டருக்கு இருவரும் ஒன்றே.

இன்னொரு கோளாறு அடித்தளத்திலேயே இருக்கிறது. பல கருவிகள் மாணவர்கள் தாங்களாகவே பதிந்த முடிவுகளை வைத்துக் கணக்குப் போடுகின்றன. இடம் கிடைத்தவர் திரும்பி வந்து பதிவார், கிடைக்காதவர் பெரும்பாலும் வர மாட்டார். அதனால் எண் மேல்நோக்கிச் சாயும்.

ஒரு கால்குலேட்டர் எந்த லட்சணத்தில் இருக்கிறது என்று பத்து நிமிடத்தில் சோதித்துவிடலாம். முதலில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தைத் தேர்ந்தெடுத்து எஸ்.ஏ.டி. 1250 என்று போட்டுப் பாருங்கள், பிறகு 1580 என்று மாற்றுங்கள். கலிஃபோர்னியா பல்கலைக்கழக வளாகங்கள் அனுமதி முடிவில் அந்த மதிப்பெண்ணைப் பார்ப்பதே இல்லை. சதவீதம் நகர்ந்தால் அந்தக் கருவிக்கு விதியே தெரியாது என்று பொருள். அடுத்து எம்.ஐ.டி.யைத் தேர்ந்தெடுத்து, அப்பாவோ அம்மாவோ அங்கே படித்தவர் என்று குறியுங்கள். எம்.ஐ.டி. லெகசியை, அதாவது பெற்றோர் அங்கே படித்தவர் என்பதை, கணக்கில் எடுப்பதில்லை, எனவே எண் அசையக் கூடாது. மூன்றாவது சோதனைதான் முக்கியம். வெளிநாட்டு மாணவர், நிதியுதவி தேவை என்று மாற்றுங்கள். ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி. போன்ற சில இடங்கள் வெளிநாட்டு மாணவர் விஷயத்திலும் பணத் தேவையைப் பார்க்காமல் முடிவெடுக்கின்றன. பெரும்பாலான மற்ற இடங்களில் அந்த ஒரு குறி வாய்ப்பை வெகுவாகக் குறைக்கும். எல்லாக் கல்லூரிக்கும் ஒரே மாதிரி எண் மாறினாலும் சரி, எதற்குமே மாறாவிட்டாலும் சரி, வெளிநாட்டு விண்ணப்பதாரர் அந்தப் பக்கத்தை மூடிவிடலாம்.

இனி காமன் டேட்டா செட். பல்கலைக்கழகத்தின் பெயரோடு இந்தப் பெயரையும் சேர்த்துத் தேடினால், அங்குள்ள ஆய்வுத் தரவு அலுவலகப் பக்கத்தில் பி.டி.எஃப். ஆகவோ எக்செல் ஆகவோ பெரும்பாலும் கிடைக்கும். கேள்விகள் எல்லாருக்கும் பொது என்பதால் இரண்டு கல்லூரிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். நமக்கு வேண்டியது 'சி' பிரிவு மட்டும். ஒரே ஆண்டைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், கடைசி மூன்று ஆண்டுகளை இறக்கிக்கொள்ளுங்கள்.

சி1-இல் விண்ணப்பித்தவர், அனுமதி பெற்றவர், சேர்ந்தவர் எண்ணிக்கை இருக்கும். அண்மை ஆண்டுப் படிவங்களில் மாநிலத்துக்குள், வெளிமாநிலம், வெளிநாடு என்ற பிரிவும் உண்டு. அரசுப் பல்கலைக்கழகம் என்றால் அந்தப் பிரிவைப் பார்க்காமல் மொத்த விகிதத்தைப் பார்ப்பது பயனற்றது. வட கரோலினாவின் சேப்பல் ஹில் வளாகத்தில் முதலாண்டு மாணவர்களில் வெளிமாநிலத்தவர் 18 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது விதி. ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகத்திலோ, உள்மாநில இடங்களில் பெரும்பகுதி பள்ளித் தரவரிசையில் முதல் சில சதவீதத்தில் இருப்பவர்களுக்குத் தானாகவே போய்விடுகிறது. அந்த வரம்பு பல ஆண்டுகள் 6 சதவீதமாக இருந்து, 2026 சேர்க்கையிலிருந்து 5 ஆகியிருக்கிறது. டெக்சஸ் மாணவர் அந்த வரம்புக்குள் இருந்தால் கணிப்புக்கே வேலையில்லை. ஆனால் உறுதியாவது பல்கலைக்கழகத்தில் இடம் மட்டுமே, கேட்ட துறை அல்ல. பலர் சறுக்குவது இங்கேதான்.

சி7 ஒரு பக்க அட்டவணை. பாடங்களின் கடினம், தரவரிசை, கட்டுரை, பரிந்துரை, குணநலன், லெகசி, கல்லூரியின் மீது மாணவர் காட்டிய ஆர்வம் என ஒவ்வொன்றையும் 'மிக முக்கியம்' முதல் 'பார்ப்பதில்லை' வரை பல்கலைக்கழகமே குறித்திருக்கும். எம்.ஐ.டி. பல ஆண்டுகளாக 'மிக முக்கியம்' என்ற கட்டத்தில் குணநலனை மட்டுமே குறித்து வந்திருக்கிறது. 'ஆர்வம்' என்ற வரியைத் தவறாமல் பாருங்கள். அதைப் பார்ப்பதில்லை என்று குறித்த கல்லூரிக்கு வாரம் ஒரு மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டிருப்பதில் பயனில்லை. 'முக்கியம்' என்று குறித்த கல்லூரியில் இணையவழி அறிமுகக் கூட்டத்தில்கூடக் கலந்துகொள்ளாமல் விட்டால் நல்ல மாணவரும் கைநழுவிப் போவார்.

சி9-இல் எஸ்.ஏ.டி., அதைப் போன்ற இன்னொரு தேர்வான ஏ.சி.டி. ஆகியவற்றின் மதிப்பெண்களில் 25, 50, 75-ஆம் சதமான எண்கள் இருக்கும் (25-ஆம் சதமானம் என்றால் கால்வாசிப் பேர் அதற்குக் கீழே). இதைப் படிக்கும்போது இரண்டு விஷயம் நினைவில் இருக்கட்டும். இவை அனுமதி பெற்றவர்களின் எண்கள் அல்ல, வந்து சேர்ந்தவர்களின் எண்கள். அதோடு, மதிப்பெண் அனுப்பியவர் எத்தனை சதவீதம் என்று மேலேயே போட்டிருக்கும். பாதிப் பேர்தான் அனுப்பினார்கள் என்றால், குறைந்த மதிப்பெண்காரர்கள் அனுப்பாமல் விட்டதால் அந்த எண்கள் ஊதிப்போயிருக்கும். முழு வகுப்பின் நிலை அதற்குக் கீழே இருக்கும். எங்கள் கணிப்பில், லெகசி, விளையாட்டு ஒதுக்கீடு போன்ற எந்தக் கைப்பிடியும் இல்லாத மாணவர் 50-ஆம் சதமானத்தைத்தான் தரையாகக் கொள்ள வேண்டும். 25-ஆம் சதமானத்துக்குக் கீழே இருக்கும் இடங்களில் பல அந்தக் கைப்பிடி உள்ளவர்களுக்குப் போகின்றன. 75-ஐத் தாண்டிவிட்டால் மறுபடி தேர்வு எழுதுவதில் பயன் மிகக் குறைவு. அந்த மாதங்களைக் கட்டுரைக்குக் கொடுங்கள்.

சி21 எர்லி டிசிஷன் கணக்கு: இடம் கிடைத்தால் சேர்ந்தே தீருவேன் என்று உறுதிதந்து ஒரே கல்லூரிக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்கும் முறை. மிகப் பெரிய தவறான நம்பிக்கை பிறப்பதும் இதில்தான், ஆகவே ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டே பார்ப்போம். மொத்தம் 40,000 விண்ணப்பம், 2,400 அனுமதி, அதாவது 6 சதவீதம். எர்லியில் 5,000 விண்ணப்பம், 900 அனுமதி: 18 சதவீதம். கழித்தால் வழக்கமான சுற்றான ரெகுலரில் 35,000-க்கு 1,500, அதாவது 4.3 சதவீதம். 'எர்லியில் போட்டால் நான்கு மடங்கு' என்று உடனே சொல்லிவிடுவார்கள். ஆனால் அந்த 900-இல் பயிற்சியாளர்கள் முன்பே தேர்ந்த விளையாட்டு வீரர்கள் 200 பேர் இருந்தால், மற்ற 4,800 பேருக்கு 700 இடம், 14.6 சதவீதம். லெகசி மாணவர்களையும் கழித்தால் இன்னும் இறங்கும். எர்லியில் கூடுதல் பலன் உண்மையாகவே உண்டு, ஆனால் தாளில் தெரியும் அளவுக்கு இல்லை. ஹார்வர்டு வழக்கின் தரவில், விளையாட்டுக்காக எடுக்கப்படும் மாணவர்களில் ஏறத்தாழ 86 சதவீதம் பேருக்கு அனுமதி கிடைத்தது. லெகசி மாணவர்களில் மூவரில் ஒருவருக்குக் கிடைத்தது. விளையாட்டு, லெகசி, டீனின் சிறப்புப் பட்டியல் (நன்கொடையாளர்களின் உறவினர் போன்றோர்), ஊழியர் பிள்ளைகள் என்ற நான்கு வகையினரும் சேர்ந்து விண்ணப்பதாரர்களில் சுமார் 5 சதவீதம், அனுமதி பெற்றவர்களில் சுமார் 30 சதவீதம். வெளியே சொல்லப்படும் அனுமதி விகிதம் சாதாரண மாணவருடைய விகிதம் அல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

தரவு பழசாவதும் உண்டு. 2023 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இன அடிப்படையிலான சேர்க்கையை நிறுத்தியது. எம்.ஐ.டி. 2022-லேயே எஸ்.ஏ.டி.யைத் திரும்பக் கட்டாயமாக்கியது. டார்ட்மத், பிரவுன், ஹார்வர்டு, கால்டெக் எல்லாம் 2024-இல் அதே முடிவை அறிவித்தன. ஆகவே எஸ்.ஏ.டி. மதிப்பெண் அனுப்புவது விருப்பமாக இருந்த ஆண்டின் சி9-ஐயும் கட்டாயமான ஆண்டின் சி9-ஐயும் ஒன்றாகச் சேர்த்துச் சராசரி எடுக்காதீர்கள்.

காமன் டேட்டா செட்டின் பெரிய குறை, அது துறைவாரியாக எதையும் சொல்வதில்லை என்பது. கார்னகி மெலனின் கணினி அறிவியல் பள்ளிக்கும் அதே பல்கலைக்கழகத்தின் மற்றப் பள்ளிகளுக்கும் போட்டியில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். கணினி அறிவியலுக்கோ பொறியியலுக்கோ விண்ணப்பிப்பவர், துறைக்குத் தனியாக அனுமதி உண்டா என்பதையும், உள்ளே போன பிறகு துறை மாற விடுவார்களா என்பதையும் கல்லூரிப் பக்கத்தில் தனியே பார்த்தே ஆக வேண்டும்.

இரண்டாவது குறை, உங்கள் பள்ளியைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. அதற்கு உதவுவது நேவியன்ஸ் போன்ற மென்பொருளில் பள்ளி கவுன்சிலர் காட்டும் புள்ளி வரைபடம். அதே பள்ளியிலிருந்து முன்பு விண்ணப்பித்தவர்களின் ஜி.பி.ஏ. ஓர் அச்சில், தேர்வு மதிப்பெண் மற்றொன்றில், முடிவு நிறத்தில். விண்ணப்பத்தைப் படிப்பவர் ஒரு மாணவரை அவர் படித்த பள்ளியின் பின்னணியில்தான் எடைபோடுகிறார், அதனால் இந்தப் படத்துக்குத் தனி மதிப்பு உண்டு. ஆனால் மொத்தம் ஏழெட்டுப் புள்ளிதான் என்றால் முடிவுக்கு வராதீர்கள். கீழ்மூலையில் தனியாக நிற்கும் பச்சைப் புள்ளி, அதாவது குறைந்த மதிப்பெண்ணிலும் அனுமதி பெற்றவர், பெரும்பாலும் விளையாட்டு வீரராகவோ லெகசியாகவோ இருக்கும். அதைக் கவுன்சிலரிடம் பெயர் கேட்காமல், 'அந்தப் புள்ளியை எங்கள் கணக்கில் சேர்க்கலாமா?' என்று மட்டும் கேளுங்கள். பதில் கிடைக்கும்.

கட்டண ஆலோசகர்களைப் பற்றி ஒரு வரி போதும்: அனுமதிக்கு உத்தரவாதம் தருபவரிடம் பணம் கட்டாதீர்கள்.

பட்டியல் போடும்போது பலர் செய்யும் பெருக்கல் கணக்கும் தவறு. 5 சதவீத வாய்ப்புள்ள பத்து இடங்களுக்குப் போட்டால் ஒன்றிலாவது கிடைக்க 40 சதவீதம் என்று வரும். பத்து முடிவுகளும் ஒன்றையொன்று சாராதவை என்றால்தான் அது சரி. இங்கே பத்து இடத்துக்கும் போவது அதே கட்டுரை, அதே கடிதங்கள், அதே மதிப்பெண் பட்டியல். ஓரிடத்தில் எடுபடாதது மற்ற இடங்களிலும் எடுபடாமல் போகவே வாய்ப்பு அதிகம், ஆகவே உண்மை எண் 40-க்குக் கீழேதான். இத்தகைய இடங்கள் எத்தனை சேர்த்தாலும், சி1 விகிதம் 50-க்கு மேல் இருந்து, சி9-இல் மாணவர் 75-ஆம் சதமானத்துக்கு மேல் நின்று, செலவும் கட்டுப்படியாகும் கல்லூரிகள் குறைந்தது இரண்டு உங்கள் பட்டியலில் இருக்க வேண்டும்.

கடைசியாக சி2, வெயிட்லிஸ்ட் என்ற காத்திருப்புப் பட்டியல். எத்தனை பேருக்கு வழங்கினார்கள், எத்தனை பேர் காத்திருக்கச் சம்மதித்தார்கள், எத்தனை பேரை எடுத்தார்கள் என்று மூன்று எண்கள் இருக்கும். மூன்றாவதை இரண்டாவதால் வகுங்கள். ஒரே கல்லூரியில் ஓராண்டு ஒருவரையும் எடுக்காமல், மறு ஆண்டு நூறு பேரை எடுப்பதும் நடக்கும். மே 1-க்குள் வேறு கல்லூரியில் முன்பணம் கட்டி இடத்தை உறுதி செய்துகொண்ட பிறகே அந்த வரிசையில் நில்லுங்கள். அங்கிருந்து அழைப்பு வந்து மாறினால் கட்டிய முன்பணம் பெரும்பாலும் திரும்பாது, அதையும் செலவுக் கணக்கில் எழுதிவையுங்கள்.